வீட்டில் பேக்கன்: தேய்த்துக் கழுவாமல் தப்பிப்பது எப்படி?

புதுச்சேரி ஓட்டல் ஒன்றில் பல ஆண்டுகள் காலை உணவுப் பிரிவில் நின்றவன் நான். பேக்கன், அதாவது உப்பிட்டுப் புகையூட்டிய பன்றி வயிற்று இறைச்சி பற்றி வந்த கேள்விகளும் என் பதில்களும்.

முத்தியால்பேட்டை: அண்ணா, பேக்கன் பொரித்தால் அடுப்பு மேடை, சுவர், மிக்சி வரை கொழுப்பு தெறிக்கிறது. சாப்பிடுவது பத்து நிமிடம், துடைப்பது ஒரு மணி நேரம். வழி உண்டா?

வாணலியை மறந்துவிடுங்கள், ஓவனில் வையுங்கள். விளிம்புள்ள தட்டில் அலுமினியத் தாளை நான்கு ஓரமும் மேலேறி மடங்கும்படி விரியுங்கள். ஒரே தாளாக இருக்கட்டும். இரண்டை ஒட்டுப்போட்டால் இடுக்கு வழியாகக் கொழுப்பு இறங்கிவிடும், பிறகு தட்டைத் தேய்க்கத்தான் வேண்டும். துண்டுகளை ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் பரப்பி, 200 டிகிரியில் 15 முதல் 20 நிமிடம். மெல்லிய துண்டானால் 12 நிமிடத்திலேயே எட்டிப் பாருங்கள். சிவந்தது கருகிப்போக அதிக நேரம் ஆகாது. சிறிய ஓவனில் தட்டை மேல் கம்பிக்கு அருகில் வைக்காதீர்கள். கொழுப்பு தெறித்துப் புகையும், தீயும் பிடிக்கலாம்.

கொழுப்பு உறைந்ததும் தாளைச் சுருட்டி எறி என்று வெளிநாட்டுக் குறிப்புகள் சொல்லும். நம் ஊர் மே மாதத்தில் அது மேடைமேல் எங்கே உறைகிறது! தட்டு ஆறியதும் அரை மணி நேரம் குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள்.

லாஸ்பேட்டை: பட்டர் பேப்பர் போடலாமா?

ஓவனுக்கானது என்று உறையில் அச்சிட்டிருந்தால் போடலாம். மெழுகு பூசிய தாள் வேண்டாம், உருகிப் புகையும்.

கடலூர், மஞ்சக்குப்பம்: ஓவன் இல்லை. மாமியார் பன்றி இறைச்சி சாப்பிடமாட்டார். அவருடைய தோசைக்கல்லில் செய்யலாமா?

வேண்டாம் அம்மா. தோசைக்கல் போனால் இன்னொன்று வாங்கலாம், மாமியாரின் மனம் கோணினால் யார் சரிசெய்வது? உயரமான விளிம்புள்ள வாணலி ஒன்றைத் தனியாக வாங்கிக்கொள்ளுங்கள். சூடாகாத வாணலியில் துண்டுகளை அடுக்கி, அவை மூழ்கத் தண்ணீர் ஊற்றி அடுப்பைப் பற்றவையுங்கள். தண்ணீர் வற்றுவதற்குள் கொழுப்பு மெல்ல உருகிவிடும். பிறகு தீயைக் குறைத்து மொறுமொறுப்பாக்குங்கள். மூடி போடாதீர்கள், மூடியில் கோத்த நீர் சொட்டினால் கொழுப்பு வெடித்துத் தெறிக்கும். மாவு சலிக்கும் எஃகுச் சல்லடையைக் கவிழ்த்தால் போதும்.

நெல்லித்தோப்பு: மிச்சக் கொழுப்பைச் சுடுநீர் விட்டு சிங்கில் ஊற்றலாமா?

கூடவே கூடாது. சுடுநீர் குழாயில் ஆறும், கொழுப்பும் அங்கேயே படியும். இளவயதில் நான் ஊற்றியிருக்கிறேன். குழாய்க்காரர் சோப்புக்கட்டி போன்ற ஒன்றை வெளியே இழுத்துக் காட்டினார். வடிகட்டி, கண்ணாடிச் சீசாவில் குளிரவைத்தால் உருளைக்கிழங்கு வறுக்க அருமையாக இருக்கும். வாணலியைக் காகிதத்தால் துடைத்த பிறகே சோப்பு போடுங்கள்.

அரியாங்குப்பம்: வடை போல செய்தித்தாளில் எண்ணெய் வடிக்கலாமா?

வடையையே அப்படி வடிக்கக் கூடாது, அச்சு மை ஒட்டும். டிஷ்யூ காகிதம் போதும்.

வில்லியனூர்: இது புற்றுநோய் தரும் என்கிறார்களே?

2015-இல் உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை, பதப்படுத்திய இறைச்சியைப் புற்றுநோய் உண்டாக்குபவற்றின் முதல் பிரிவில் சேர்த்தது. சான்று எவ்வளவு உறுதியானது என்பதைத்தான் அந்தப் பிரிவு காட்டுகிறது, ஆபத்தின் அளவை அல்ல. ஆனாலும் தினமும் தின்னும் பொருள் இல்லை, உப்பும் மிகுதி. என் வீட்டில் மாதம் ஒரு ஞாயிறு.

லாஸ்பேட்டை, மீண்டும்: ஏர் ஃபிரையரில் செய்தால் வீடெல்லாம் புகை.

கூடைக்கு அடியில் ஒரு ரொட்டித் துண்டு வையுங்கள், சொட்டும் கொழுப்பை அது குடித்துக்கொள்ளும். அந்த ரொட்டியைத் தூக்கி எறிந்துவிடுங்கள். நான் எறிந்ததில்லை என்பது வேறு விஷயம்.