விலை குறைந்த தேயிலை

அன்புள்ள ஐயா,

டல்லாஸில் வசிக்கிறேன். மகள் ஐந்தாம் வகுப்பு. பள்ளியில் அமெரிக்க விடுதலைப் போர் நடத்துகிறார்கள். அதை இரவில் தமிழில் கதையாகச் சொல்லும்படி கேட்கிறாள். முக்கிய நிகழ்வுகளை வரிசையாகத் தர முடியுமா? எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: பிரிட்டன் தேயிலை வரியை ஏற்றியது, விலை தாங்காமல் பாஸ்டன் மக்கள் நம் நாட்டுத் தேயிலையைக் கடலில் கொட்டினார்கள். இந்தியர்போல வேடம் போட்டுக்கொண்டு செய்தார்களாமே, நம்மேல் அவ்வளவு பற்றா? காந்தியின் உப்புச் சத்தியாகிரகத்துக்கு இதுதான் முன்னோடி என்று சொல்லலாமா?

ஆர்.

அன்புள்ள ஆர்,

நாள் முழுக்க வேலை பார்த்துவிட்டு வந்து பிள்ளைக்குத் தமிழில் கதை சொல்ல உட்காருகிற ஒருவர்மேல் எனக்குக் கோபம் வரக்கூடாது. ஆனாலும் ஒரு பத்தியில் இத்தனை தப்பு இருந்தால் என்ன செய்ய?

அது சீனத் தேயிலை. அஸ்ஸாமில் தோட்டம் வந்ததே அதற்கு அறுபது வருடம் கழித்துத்தான். வேடம் ‘இந்தியர்’ என்று அங்கே அழைக்கப்பட்ட அமெரிக்கப் பழங்குடிகளான மோஹாக்குகளின் வேடம். உங்கள்மேலும் என்மேலும் அவர்களுக்கு ஒரு பற்றும் இருந்ததில்லை. காந்தியை இப்போதைக்கு விட்டுவிடுங்கள். எதைத் தொட்டாலும் காந்தியில் கொண்டுபோய் முடிப்பது நமக்கு ஒரு வியாதி.

வரிசைதானே வேண்டும்? 1765 முத்திரைத்தாள் வரி. 1770 மார்ச் 5, பாஸ்டனில் சிப்பாய்கள் சுட்டதில் ஐந்து பேர் சாவு. 1773 தேயிலை. 1774இல் தண்டனையாக பாஸ்டன் துறைமுகத்தை மூடினார்கள். செப்டம்பரில் பிலடெல்பியாவில் காலனிகளின் பிரதிநிதிகள் சபையான காங்கிரஸ் கூடியது. 1775 ஏப்ரல் 19 லெக்சிங்டனில் முதல் துப்பாக்கிச் சண்டை. 1776 ஜூலை 4 விடுதலைப் பிரகடனம். 1777 சாரடோகாவில் அமெரிக்கர்களுக்கு வெற்றி, அதைப் பார்த்துத்தான் பிரான்ஸ் துணைக்கு வந்தது. 1781 யார்க்டவுனில் பிரிட்டிஷ் தளபதி கார்ன்வாலிஸ் சரண். (இதே கார்ன்வாலிஸ்தான் 1792இல் திப்புவிடமிருந்து திண்டுக்கல்லையும் பாரமகாலையும் பிடுங்கியவர். அங்கே விட்டதை இங்கே பிடித்தார்.) 1783 பாரிஸ் ஒப்பந்தம். ஆயிற்று. இது கதை இல்லை, பரீட்சைத் தாள். குழந்தை தூங்கிவிடும்.

நான் இந்தப் பதிலை எழுதுவதே உங்கள் கடிதத்தில் உள்ள ‘வரியை ஏற்றியது’ என்ற இரண்டு சொல்லுக்காகத்தான். போன மாதம் அப்பாவின் மளிகைக்கடையைக் காலி செய்து சாவியைக் கொடுத்துவிட்டு வந்தேன். அன்றிலிருந்து இந்தத் தேயிலைதான் மண்டையில் ஓடிக்கொண்டிருக்கிறது.

பிரிட்டன் போட்ட 1773 தேயிலைச் சட்டத்தால் வரி ஏறவில்லை. தேயிலை விலை குறைந்தது. மறுபடி சொல்கிறேன், குறைந்தது. ஒரு பவுண்டு எடைக்கு மூன்று பென்ஸ் வரி 1767லேயே போட்டது, அது அப்படியே இருந்தது. அதுவரை கிழக்கிந்தியக் கம்பெனி லண்டனில் ஏலம் விடும். அங்குள்ள வியாபாரி எடுப்பார். அவரிடமிருந்து அமெரிக்க வியாபாரிக்கு, அப்புறம் கடைக்கு. புதுச் சட்டம் கம்பெனிக்கு லண்டன் தீர்வையைத் தள்ளிக் கொடுத்து, நீயே கப்பலில் ஏற்றி நேராக அனுப்பிக்கொள் என்றது. மூன்று பென்ஸ் வரியைச் சேர்த்தாலும், டச்சுக்காரர்களிடமிருந்து கள்ளத்தனமாக வந்த தேயிலையைவிட இது மலிவாக முடியும்.

ஏன் இந்தக் கரிசனம்? கம்பெனி திவாலாகும் நிலையில் இருந்தது. கிட்டங்கியில் ஏறத்தாழ 1 கோடியே 70 லட்சம் பவுண்டு எடைத் தேயிலை விற்காமல் கிடந்தது. அரசாங்கம் 14 லட்சம் பவுண்டு பணம் கடன் கொடுத்துத் தூக்கி நிறுத்தியது. நீங்கள் தேடுகிற ‘நம் நாடு’ இங்கேதான் வருகிறது. 1770 வங்கப் பஞ்சத்தில் ஜனங்கள் கொத்துக் கொத்தாகச் செத்தபோதும் வரி வசூலை விடாத கம்பெனி அது. பிலடெல்பியாவின் ஜான் டிக்கின்சன் 1773இல் அந்தப் பஞ்சத்தைச் சொல்லியே ஊர்க்காரர்களை எச்சரித்தார்: அங்கே அப்படிச் செய்தவர்கள்தான் இப்போது இங்கே வருகிறார்கள் என்று.

கம்பெனி பாஸ்டனில் ஒருசிலரை மட்டும் முகவர்களாக வைத்தது. கவர்னர் ஹட்சின்சனின் மகன்கள் இரண்டு பேர் அதில் உண்டு. மற்ற வியாபாரிகள் கையைப் பிசைந்துகொண்டு நிற்க வேண்டியதுதான். அவர்களில் பலர் கள்ளச்சரக்கு விற்றவர்கள், அவர்களை உத்தமர்கள் என்று உங்கள் மகளிடம் சொல்லாதீர்கள்.

1981இல் எங்கள் எதிர்க்கடைக்கு ஒரு சோப்புக் கம்பெனியின் ஏஜென்சி கிடைத்தது. கம்பெனி அதிகாரிக்கு எதிர்க்கடைக்காரர் மச்சினன். அப்பா கொள்முதல் செய்கிற விலைக்குப் பத்துப் பைசா கீழே அங்கே சில்லறையில் விற்றார்கள். இருபது வருஷ வாடிக்கைக்காரர்கள் தலையைக் குனிந்துகொண்டு எதிர்ப்பக்கம் போனார்கள். “ஊருக்கு நல்லதுதானேப்பா, சல்லிசாக் கிடைக்கு” என்று நான் பெரிய பொருளாதார நிபுணன் மாதிரி சொன்னேன். பி.யூ.சி. படித்த திமிர். அப்பா தராசுத் தட்டைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: “ஏல, இன்னைக்கு அவன் வெலையக் கொறைக்கான். நாளைக்கு வெல சொல்ல அவன் ஒருத்தன்தான் இருப்பான். அன்னைக்கு நீ யார்ட்டப் போயிக் கேப்ப?” பிறகு காசைக் கொடுத்து என்னையே எதிர்க்கடைக்கு அனுப்பி ஒரு கட்டி வாங்கிவரச் சொன்னார். அதைப் பிரிக்காமல் சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்தார். எதற்கு என்று நான் கேட்கவில்லை.

மகளுக்கு அந்த ஒரு ராத்திரியை மட்டும் சொல்லுங்கள். டிசம்பர் 16. மூன்று கப்பல்கள், 342 பெட்டிகள், மூன்று மணி நேரம். ஓதம் இறங்கியிருந்ததால் கொட்டிய தேயிலை தண்ணீரில் முங்காமல் கப்பலோரம் குவிந்து நின்றது. வேறு எதையும் தொடக்கூடாது என்று கட்டுப்பாடு. உடைந்த பூட்டு ஒன்றுக்குப் பதில் புதுப்பூட்டு வாங்கிக் கொடுத்திருக்கிறார்கள். ஒருவர் கோட்டின் உள்மடிப்பில் தேயிலையைத் திணித்துக்கொண்டு நழுவப் பார்க்க, ஜார்ஜ் ஹியூஸ் என்ற செருப்புத் தைப்பவர் அந்த ஆளின் கோட்டைப் பிடித்து இழுத்தார், துணி கிழிந்தது. காலையில் மிதந்துகொண்டிருந்ததையும் படகில் போய்த் துடுப்பால் அடித்து முக்கினார்கள். மலிவான, நல்ல தேயிலை! அதைக் கொட்டியவர்களில் ஏழைகளும் உண்டு, ஆர். ஹியூஸ் கடனுக்காகச் சிறை போய் வந்தவர்.

அன்று கொட்டியவர்களில் தாமஸ் மெல்வில் என்பவர் வீட்டுக்குப் போய்ச் செருப்பைக் கழற்றியபோது உள்ளே கொஞ்சம் இலை ஒட்டியிருந்தது. அதைக் கண்ணாடிக் குப்பியில் போட்டு வைத்தார். பாஸ்டனில் அந்தக் குப்பி இன்னமும் இருக்கிறது. விடுமுறைக்குப் போனால் காட்டுங்கள்.

சோப்புக் கட்டி என் மேசை இழுப்பறையில் கிடக்கிறது. உறையில் நிறமெல்லாம் போய்விட்டது. உள்ளே மூன்றாக வெடித்திருக்கிறது, தடவினால் தெரிகிறது. வாசனை மட்டும் லேசாக வருகிறது.