வண்டைத் தின்ற பல்லி, பல்லியைத் தின்ற பாம்பு: மெஸ்ஸல் ஏரி பற்றிக் கேள்வி பதில்

ஜெர்மனியில் டார்ம்ஸ்டாட் நகருக்குப் பக்கத்தில் மெஸ்ஸல் என்ற ஊரில் ஒரு பழைய சுரங்கக் குழி இருக்கிறது. சுமார் 4.8 கோடி ஆண்டுகளுக்கு முன் அது ஒரு ஏரி. அங்கே கிடைக்கும் புதைபடிவங்களில் எலும்பு மட்டுமல்ல, முடி, இறகு, கடைசியாகத் தின்ற சாப்பாடு வரை தெரியும். நீங்கள் கேட்டவற்றில் சிலவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

எல்லா ஏரியிலும்தான் மீன் சாகிறது, தவளை சாகிறது. இந்த ஏரியில் மட்டும் என்ன விசேஷம், சார்?

அது உருவான விதம்தான் விசேஷம். பூமிக்கடியிலிருந்து ஏறி வந்த எரிமலைக் குழம்பு நிலத்தடி நீரைத் தொட்டதும், நீர் ஒரே நொடியில் ஆவியாகி நிலத்தை வெடித்துத் தள்ளியது. அந்தப் பள்ளத்தில் நீர் நிறைந்து ஏரியானது. 2001-ல் 433 மீட்டர் ஆழத்துக்குத் துளையிட்டுப் பார்த்தபோது அடியில் வெடித்துச் சிதறிய பாறையே கிடைத்தது. அதோடு எரிமலைதான் காரணம் என்பது உறுதியானது.

அகலம் குறைவு, ஆழம் மிக அதிகம் என்பதால் கிணறு போன்ற ஏரி அது. மேல்நீரும் அடிநீரும் கலக்கவில்லை. அடியில் ஆக்சிஜன் இல்லை. சாதாரணக் குளத்தில் செத்த மீனை நண்டும் புழுவும் இழுத்துப் பிய்த்துவிடும். இங்கே அடியில் எதுவுமே உயிரோடு நடமாட முடியாது. மேலிருந்து பாசியும் களிமண்ணும் தூசி படிவதுபோல இறங்கின. வருடத்துக்குச் சுமார் 0.1 மில்லிமீட்டர்! விழுந்த உடலை யாரும் அசைக்கவே இல்லை.

கல்லில் முடி எப்படி நிற்கும்? நம்பவே முடியவில்லை.

உடலை அரிக்க வந்த பாக்டீரியாக்களே அதற்குக் காரணம். தோல், தசை மேல் அவை படலமாகப் படர்ந்தன. பிறகு அந்தப் படலமே இரும்பு கார்பனேட்டாக இறுகிவிட்டது. அதனால் உடலின் வெளிக்கோடு நிழல்போலப் பதிந்திருக்கிறது.

ஆனால் முடியிலும் இறகிலும் தெரியும் நுண்ணிய உருண்டைகள் பாக்டீரியா அல்ல, நிறம் தரும் மெலனின் துகள்கள் என்று பின்னால் தெரிந்தது. அவற்றின் வடிவத்தை வைத்து, மெஸ்ஸல் வௌவால்கள் செம்பழுப்பு நிறம் என்று 2015-ல் சொன்னார்கள். செத்து 4.8 கோடி ஆண்டு ஆன வௌவாலின் நிறம்! எத்தனை முறை நினைத்தாலும் எனக்குச் சிலிர்க்கிறது.

உங்களுக்கு மிகவும் பிடித்தது எது, அண்ணா? நான் பத்தாம் வகுப்பு.

பாம்புதான் தம்பி. சுமார் ஒரு மீட்டர் நீளமுள்ள இளம் பாம்பு. அதன் வயிற்றில் ஒரு பல்லி, தலை முதலில் போகும்படி விழுங்கப்பட்டிருக்கிறது. அந்தப் பல்லியின் வயிற்றில் ஒரு வண்டு. மூன்று உயிர்கள், ஒன்றுக்குள் ஒன்று. பாம்பின் வயிற்று அமிலம் பல்லியைச் சீக்கிரமே கரைத்துவிடும். கரையவில்லை என்றால், விழுங்கி ஓரிரு நாளுக்குள் பாம்பும் ஏரியில் விழுந்திருக்க வேண்டும். யார் யாரைத் தின்றார்கள் என்பதை எலும்பை வைத்து ஊகிப்போம். இங்கே அது கண்ணுக்கு எதிரே கிடக்கிறது.

கருவோடு குதிரை கிடைத்தது உண்மையா?

உண்மை. ஆனால் நாம் அறிந்த குதிரை அல்ல. நரி அளவுதான், முன்காலில் நான்கு விரல், பின்காலில் மூன்று. 2000-ல் கிடைத்த ஒன்றை எக்ஸ்ரேயில் ஆராய்ந்தபோது கருவும், நஞ்சுக்கொடியின் சுவடும் தெரிந்தன. கரு ஏறக்குறைய நிறைமாதம், 12.5 சென்டிமீட்டர். பிறக்கும் முன் குட்டி இருக்க வேண்டிய நிலையில் அது இல்லை. எனவே பிரசவத்தில் செத்த தாய் அல்ல.

அப்புறம் எதனால் செத்தன?

எல்லாவற்றுக்கும் ஒரே பதில் கிடையாது. ஏரியில் நச்சுப்பாசி பெருகியிருக்கலாம், தண்ணீர் குடித்தவை விழுந்திருக்கலாம் என்பது ஒரு கருத்து. எரிமலை வாயு என்பது இன்னொன்று. ஆமைகளின் கதை தெளிவாக இருக்கிறது. இணை சேர்ந்த நிலையிலேயே ஒன்பது ஜோடிகள் கிடைத்திருக்கின்றன. அந்த இனத்துக்குத் தோல் வழியாகவும் மூச்சு விடும் திறன் இருந்திருக்கும். இணைந்தபடியே மெல்ல மூழ்கியவை, நச்சு நீர் இருந்த ஆழத்தை எட்டியபோது பிரியக்கூட நேரமில்லாமல் செத்திருக்கின்றன.

டிஎன்ஏ எடுக்கலாமா?

முடியாது. இதுவரை படிக்க முடிந்த மிகப் பழைய டிஎன்ஏ சுமார் 20 லட்சம் ஆண்டு.

ஐடா என்று ஒரு குரங்கு பற்றிப் பெரிய செய்தி வந்ததே?

1983-ல் தனியார் சேகரிப்பாளர்கள் தோண்டி எடுத்தது. புதைபடிவம் இருந்த கல் பலகை இரண்டாகப் பிளந்து, இரண்டும் வெவ்வேறு கைகளுக்குப் போயின. ஒரு பாதியில் இல்லாத எலும்புகளைச் செய்து ஒட்டியும் விட்டார்கள். இன்னொரு பாதியை நார்வேயின் ஆஸ்லோ நகர அருங்காட்சியகம் வாங்கியது. 2009-ல் மனித மூதாதைச் சங்கிலியின் விடுபட்ட கண்ணி என்று விளம்பரம் ஆனது. அந்த ஆரவாரம் தேவையில்லை; இன்று பெரும்பாலோர் அதை மடகாஸ்கர் தீவில் வாழும் லெமூர்களின் பக்கத்து உறவாகவே வைக்கிறார்கள். எலும்புக்கூடு 95 சதவீதம் முழுமை, வயிற்றில் பழமும் இலையும் இருக்கின்றன. எனக்கு அதுவே போதும்.

இந்தக் கல்லை வீட்டில் வைத்துக்கொள்ளலாமா?

வைத்தால் பொடிந்து போகும். பாறையில் சுமார் 40 சதவீதம் தண்ணீர். நீண்ட கத்தியை ஓரத்தில் செருகித் திறந்தால் ஈரமான புத்தகம்போல ஏடு ஏடாகப் பிரியும். வெயில் பட்டால் சில மணி நேரத்தில் விரிசல் விட்டு, உள்ளே இருப்பதும் சேர்ந்து நொறுங்கும். எனவே ஒரு பக்கத்தைச் சுத்தம் செய்து, அதன்மேல் செயற்கைப் பிசின் ஊற்றுவார்கள். அது இறுகியதும் திருப்பி, மறுபக்கத்துக் கல்லை ஊசியால் கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்டி எடுப்பார்கள். கடைசியில் எலும்பு பிசின் பலகையில் நிற்கும், கல் இருக்காது. பூச்சிகளைக் கிளிசரினில் போடுவார்கள். சில வண்டுகளின் பச்சை மினுமினுப்பு இன்னும் அப்படியே இருக்கிறது, உலரவிட்டால் போய்விடும்.

அந்தக் குழியைக் குப்பைக் கிடங்காக்கப் பார்த்தார்களாமே?

ஆமாம். 1971-ல் சுரங்க வேலை நின்றதும் எழுந்த திட்டம் அது. ஊர்க்காரர்களும் ஆய்வாளர்களும் கிட்டத்தட்ட இருபது ஆண்டு எதிர்த்தார்கள். 1991-ல் ஹெஸ்ஸே மாநில அரசு குழியை வாங்கியது. 1995-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. குப்பை லாரிகள் வந்திருந்தால் நான் சொன்ன அந்தப் பாம்பு வெளியே வந்தே இருக்காது. அதைத் தோண்டி எடுத்தது 2009-ல்தான்.