கேடியைக் கேளுங்கள்

(கோல்ஃபின் பெரிய போட்டிகளைப் பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு, சென்னையில் சிறுவயதில் கேடியாக, அதாவது ஆட்டக்காரரின் பையைச் சுமந்து ஆலோசனை சொல்லும் உதவியாளராகத் தொடங்கி, இந்தியத் தொழில்முறைப் போட்டிகளில் பல வருடம் பை சுமந்து, இப்போது பயிற்சியாளராக இருப்பவர் பதில் சொல்கிறார்.)

கோவையிலிருந்து ஒரு கல்லூரி மாணவர்: சார், டிவியில் பார்த்தால் ஒவ்வொரு அடிக்கும் முன்னால் ஆட்டக்காரரும் கேடியும் தலையைச் சாய்த்து ஏதோ பேசுகிறார்கள். என்னதான் பேசுவார்கள்? கேடி சொன்னால் ஆட்டக்காரர் கேட்பாரா?

பெரும்பாலும் எண்கள்தான் தம்பி. "முன்விளிம்புக்கு 151, அங்கிருந்து கொடி 11, எதிர்க்காற்று, கொஞ்சம் மேடு, 167 மாதிரி ஆடும்." அவ்வளவுதான். எல்லாம் யார்டு கணக்கு. முன்விளிம்பு என்றால் கிரீனின் (குழியும் கொடியும் இருக்கும் குட்டைப் புல்தரை) முன்விளிம்பு. கொடிக்கு எவ்வளவு தூரம் என்பது பார்க்க வந்தவர்களுக்கு வேண்டிய எண். எங்களுக்கு முக்கியம், தண்ணீரையோ, பங்கர் என்ற மணல்குழியையோ தாண்ட எவ்வளவு வேண்டும், கிரீனுக்குப் பின்னால் எவ்வளவு இடம் இருக்கிறது என்பது. இதற்காகத்தான் போட்டிக்கு முந்தைய மூன்று நாளும் கேடி தனியாக மைதானத்தைச் சுற்றுகிறார். பிஜிஏ சாம்பியன்ஷிப்பில் 2021 முதல் லேசர் தூரமானிக்கு அனுமதி உண்டு. மற்ற மூன்று மேஜர்களிலும் (மாஸ்டர்ஸ், யுஎஸ் ஓப்பன், பிரிட்டனில் நடக்கும் ஓப்பன் ஆகிய பெரிய போட்டிகள்) போட்டியின்போது நோட்டும் காலடியும்தான்.

எண்ணைச் சொன்ன பிறகு வாயை மூட வேண்டும். கற்றுக்கொள்ளக் கஷ்டமான பாடம் அதுதான். ஆட்டக்காரர் 8 அயர்ன் என்ற கிளப்பை (மட்டை) உருவிவிட்டார் என்றால், உங்கள் மனதில் இன்னும் தூரம் போகும் 7 இருந்தாலும், சொல்வதாக இருந்தால் உடனே, தெளிவாக, ஒரே தடவை. அவர் பந்துக்குப் பக்கத்தில் போய் நின்ற பிறகு "ம்ம்..." என்று இழுத்தீர்கள் என்றால் கதை முடிந்தது. சந்தேகத்தோடு அடிக்கும் சரியான கிளப்பை விட, நம்பி அடிக்கும் தப்பான கிளப் பல சமயம் கிரீனுக்குப் பக்கத்தில் போய் விழும்.

கேட்பாரா என்றால், ஆளைப் பொறுத்தது. ஃபில் மிக்கல்சனிடம் 25 வருடம் இருந்த கேடி ஜிம் மக்கே. 'போன்ஸ்' என்று கூப்பிடுவார்கள். அவருக்கு மிக்கல்சன் கொடுத்த சலுகை, வருடத்துக்கு ஒரே ஒரு முறை ஒரு அடியைத் தடுக்கும் அதிகாரம். மிக்கல்சன் மரத்துக்கு நடுவே, தண்ணீர் மேலே என்று கண்ட இடத்தில் அடிப்பவர். அந்த ஆளுக்கு வருடத்துக்கு ஒன்று என்றால் அதை எங்கே செலவழிப்பது என்பதே பெரிய கவலையாக இருந்திருக்கும்!

அப்புறம், ஐந்து மணி நேர ஆட்டத்தில் அடிக்கும் நேரம் மிகக் குறைவு. மீதி நேரம் நடை. சாப்பாடு, பிள்ளைகள், வேறு விளையாட்டு என்று எதையாவது பேசிக்கொண்டே ஆட்டக்காரரின் மனதை அடுத்த பந்து வரைக்கும் வேறெங்காவது வைத்திருப்பதும் எங்கள் வேலைதான். 2025 மாஸ்டர்ஸை நினைத்துப் பாருங்கள். ரோரி மெக்கில்ராய் கடைசி ஹோலில் ஐந்தடி தூரப் பட்டை (பந்தைக் குழிக்குள் உருட்டும் அடி) தவறவிட்டார். போட்டால் பட்டம். அதற்கு முந்தைய மேஜர் வெற்றி 2014இல். 2011இல் மாஸ்டர்ஸ் நடக்கும் இதே அகஸ்டா மைதானத்தில் நான்கு அடி முன்னிலையோடு (குறைவான அடிகளில் முடிப்பவரே ஜெயிப்பார்) கடைசி நாளைத் தொடங்கி 80 அடித்து நொறுங்கியவர். இப்போது ஜஸ்டின் ரோஸோடு சமநிலை, அதனால் பிளேஆஃப் என்ற கூடுதல் ஆட்டம். திரும்ப 18ஆவது டீக்கு (ஹோலின் முதல் அடியை அடிக்கும் இடம்) போகும்போது கேடி ஹாரி டயமண்ட் சொன்னதை மெக்கில்ராயே பிறகு பத்திரிகையாளர்களிடம் சொன்னார்: திங்கட்கிழமை காலையில் யாராவது இந்த நிலையைக் கொடுத்திருந்தால் நாம் வாங்கிக்கொண்டிருப்போம் இல்லையா, என்று. டயமண்ட் அவருக்குச் சிறுவயது நண்பர். 'அனுபவமுள்ள கேடியை வைத்துக்கொள்' என்று வருடக்கணக்காக ஊரே மெக்கில்ராய்க்கு உபதேசம் செய்துகொண்டிருந்தது. அந்த நிமிடத்தில் தூரம், காற்று எதுவும் இல்லாமல் அந்த ஒரு வாக்கியம் செய்த வேலையை எந்த நோட்டும் செய்திருக்காது. அதே ஹோலில் பந்தைக் கொடிக்கு நாலடியில் வைத்து, போட்டு, ஜெயித்தார். நான்கு மேஜர்களையும் வென்ற ஆறாவது ஆள் ஆனார்.

சேலத்திலிருந்து ஒரு வங்கி ஊழியர்: கேடிக்கு எவ்வளவு கிடைக்கும்?

வாரச் சம்பளம் தனி. அதற்கு மேல் பரிசுத் தொகையில் பங்கு. அமெரிக்க, ஐரோப்பியப் போட்டிகளில் வழக்கமான பேச்சு: ஜெயித்தால் 10 சதவீதம், முதல் பத்துக்குள் வந்தால் 7, மற்றபடி 5. எல்லாம் இரண்டு பேருக்குள் பேசிக்கொள்வது. பயணமும் தங்குவதும் பெரும்பாலும் கேடியின் செலவு. நம் நாட்டில் எவ்வளவு என்று கேட்காதீர்கள். நான் சொன்னால் என் பழைய ஆட்டக்காரர்களுக்குச் சங்கடம்.

தூத்துக்குடியிலிருந்து ஒரு கணக்கு ஆசிரியை: ஐயா, கேமரா, கணினி எல்லாம் வந்த பிறகும் ஆட்டக்காரர்கள் பென்சிலால் ஸ்கோர் அட்டையில் எழுதிக் கையெழுத்துப் போடுவது ஏன்? கூட்டலில் தப்பினால் பட்டமே போகும் என்கிறார்களே?

கூட்டலில் தப்பினால் போகாது அம்மா. கூட்டுவது போட்டிக் குழுவின் வேலை. ஆனால் ஒவ்வொரு ஹோலுக்கும் எழுதிய எண் சரியாக இருக்க வேண்டும். அதையும் நீங்கள் எழுதுவதில்லை, உங்களோடு ஆடுபவர் எழுதுகிறார். நீங்கள் சரிபார்த்துக் கையெழுத்துப் போடுகிறீர்கள். உண்மையைவிடக் குறைத்து எழுதிய அட்டையில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் பொதுவாக ஆட்டத்திலிருந்தே நீக்கம். கூடுதலாக எழுதியிருந்தால் அந்தக் கூடுதல் எண்ணே நிற்கும்.

இந்த இரண்டாவது விதி என்ன செய்யும் என்று தெரிய 1968 மாஸ்டர்ஸைப் பார்க்க வேண்டும். அர்ஜென்டினாவின் ராபர்ட்டோ டி விசென்சோ. முந்தைய வருட ஓப்பன் சாம்பியன். கடைசி நாளான ஏப்ரல் 14 அவருடைய 45ஆவது பிறந்தநாள். முதல் ஹோலிலேயே ஃபேர்வே என்ற வெட்டிய புல்பாதையிலிருந்து அடித்த பந்து நேராகக் குழிக்குள். கூட்டம் பிறந்தநாள் பாட்டுப் பாடியது. அன்று அவர் அடித்தது 65. பாப் கோல்பியோடு சமநிலை, அடுத்த நாள் பிளேஆஃப் நடக்க வேண்டும். ஆனால் 17ஆவது ஹோலில் அவர் எடுத்த 3ஐ உடன் ஆடிய டாமி ஆரன் 4 என்று எழுதியிருந்தார். 18இல் ஒரு அடி கூடுதலாகப் போன வருத்தத்தில் இருந்த டி விசென்சோ சரியாகப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டு எழுந்துவிட்டார். 65 போய் 66 நின்றது. பட்டம் கோல்பிக்கு. லட்சக்கணக்கான பேர் டிவியில் அந்த 3ஐப் பார்த்திருந்தார்கள். பிரயோஜனம் இல்லை.

டி விசென்சோ யாரையும் திட்டவில்லை. தன் உடைந்த ஆங்கிலத்தில் தன்னையே முட்டாள் என்று சொல்லிக்கொண்டார். எனக்கு இதில் பாவமாகத் தெரிபவர் கோல்பிதான். அவரும் அன்று 66 அடித்து நியாயமாக ஆடியவர். வாழ்நாள் முழுக்க 'அந்த அட்டையால் ஜெயித்தவர்' என்ற பெயரோடு இருந்தார்.

இப்போது அட்டையைச் சரிபார்க்கத் தனி அறை, மேசை, உதவிக்கு ஆள் எல்லாம் உண்டு. ஆனாலும் கையெழுத்து ஆட்டக்காரருடையதுதான். அதை எடுத்துவிட வேண்டும் என்று சிலர் சொல்கிறார்கள். எனக்கு உடன்பாடில்லை. மைதானம் முழுக்க கேமரா இருக்கும் இடத்தில்கூட புதருக்குள் பந்து அசைந்ததா இல்லையா என்று தெரிந்தவர் ஒருவர்தான். 1925 யுஎஸ் ஓப்பனில் பாபி ஜோன்ஸ் தன் பந்து அசைந்தது என்று தானே சொல்லி ஒரு அடி தண்டனை வாங்கிக்கொண்டார். வேறு யாரும் பார்க்கவில்லை. அந்த ஒரு அடி இல்லாவிட்டால் பிளேஆஃபே தேவைப்பட்டிருக்காது. பிளேஆஃபில் தோற்றார்.

மதுரையிலிருந்து ஒரு பள்ளி மாணவர்: 'கட்' என்றால் என்ன அங்கிள்?

நான்கு நாள் போட்டியில் இரண்டு நாள் முடிந்ததும் ஏறக்குறைய பாதிப் பேரை வீட்டுக்கு அனுப்புவது. மாஸ்டர்ஸில் முதல் 50 இடமும் அதே எண்ணில் இருப்பவர்களும் தங்குவார்கள். யுஎஸ் ஓப்பனில் 60, மற்ற இரண்டிலும் 70. கட் தாண்டாதவருடைய கேடிக்கு வெள்ளிக்கிழமை மாலை விமான டிக்கெட்டை மாற்றுகிற வேலை.

கொழும்பிலிருந்து ஒரு வாசகர்: 1999 ஓப்பனில் ஜான் வான் டெ வெல்ட் கடைசி ஹோலில் செய்ததை இன்றைக்கும் முட்டாள்தனம் என்கிறார்கள். உள்ளே இருப்பவர்கள் என்ன நினைக்கிறார்கள்?

வெளியே இருப்பவர்களும் உள்ளே இருப்பவர்களும் அடியோடு வேறுபடும் விஷயம் இது. ஸ்காட்லாந்தின் கார்னூஸ்டி மைதானம். 18ஆவது டீயில் அவருக்கு மூன்று அடி முன்னிலை. ஆறு எடுத்தால் போதும். அவர் டிரைவர் என்ற நீண்டதூர மட்டையை எடுத்தார், பந்து வலது பக்கம் வெகுதூரம் போனாலும் நல்ல இடத்தில் நின்றது. அப்புறம் பத்திரமாக முன்னால் தட்டி வைக்காமல் 2 அயர்னால் கிரீனைப் பார்த்து அடித்தார். பந்து பார்வையாளர் மேடையின் கம்பியில் பட்டு, திரும்பி ஓடையின் கல்சுவரில் பட்டு, பின்னோக்கி வந்து முழங்கால் உயரப் புல்லில் விழுந்தது.

இதுவரைக்கும் நான் அவரைக் குறை சொல்ல மாட்டேன். மேடைக்குள் விழுந்திருந்தால் தண்டனை இல்லாமல் பந்தை எடுத்துப் போட்டிருக்கலாம். அந்தக் கம்பியைக் குறிவைத்து நூறு பந்து அடித்தாலும் ஒன்று படாது. என்னைக் கேட்டால் தவறு மூன்றாவது அடியில். அந்தப் புல்லிலிருந்து பக்கவாட்டில் ஃபேர்வேக்குத் தட்டியிருக்க வேண்டும். அவர் நேராக அடித்தார், பந்து பாரி ஓடைக்குள். பிறகுதான் அந்தப் பிரபலமான படம்: செருப்பில்லாமல், கால்சட்டையைச் சுருட்டிக்கொண்டு தண்ணீருக்குள் நிற்கிறார். நல்லவேளை, அங்கிருந்து அடிக்கவில்லை. தண்டனையோடு பந்தை வெளியே போட்டு, அடுத்த அடி பங்கருக்குள்.

எல்லோரும் மறந்துவிடுவது இதற்கு அடுத்ததை. பங்கரிலிருந்து வெளியே வந்து, ஆறேழு அடி தூரப் பட் மீதி. உலகமே சிரித்துக்கொண்டிருக்கும்போது அதைப் போட்டார். 7 ஆனது. அதனால்தான் பிளேஆஃபே கிடைத்தது. நான் கேடிகளோடு பேசும்போதெல்லாம் அந்தப் பட்டைத்தான் பெருமூச்சோடு சொல்வார்கள். பிளேஆஃபில் ஜெயித்தவர் பால் லாரி. அன்று காலை பத்து அடி பின்னால் இருந்தவர். அவரைப் பற்றியும் யாரும் பேசுவதில்லை.

திருச்சியிலிருந்து ஒரு வாசகர்: கேடியின் தவறால் ஆட்டக்காரர் தோற்றது உண்டா?

உண்டு. 2001 ஓப்பன், ராயல் லித்தம் மைதானம். கடைசி நாளில் இயன் வூஸ்னம் முன்னணியில் சமநிலை. அங்கே முதல் ஹோல் பார் 3, அதாவது மூன்று அடியில் முடிக்க வேண்டியது. குழிக்குப் பக்கத்தில் அடித்து, ஒரு அடி குறைவாக முடித்து பேர்டி. சந்தோஷமாக இரண்டாவது டீக்குப் போனால் பையில் 15 கிளப். விதிப்படி 14 கிளப்தான் இருக்கலாம். பயிற்சியின்போது சேர்த்த இரண்டாவது டிரைவர் பையிலேயே இருந்துவிட்டது. முதல் டீயில் எண்ணிப் பார்ப்பது கேடியின் வேலை. இரண்டு அடி தண்டனை. வூஸ்னம் அந்த டிரைவரைத் தூக்கி எறிந்தார். ஆனாலும் மூன்றாம் இடத்தைப் பகிர்ந்துகொண்டார். கேடியை அப்போது வேலையைவிட்டு எடுக்கவில்லை. இரண்டு வாரம் கழித்து அதே கேடி ஒரு நாள் தூங்கிப்போய் நேரத்துக்கு வராததால்தான் அனுப்பினார். நான் இப்போதும் பயிற்சிக்கு வரும் பையன்களிடம் முதலில் பையை எண்ணச் சொல்வேன்.

ஊட்டியிலிருந்து ஒரு வாசகி: யுஎஸ் ஓப்பன் கிரீன்கள் அவ்வளவு வேகம் என்கிறார்கள். புல் வேகத்தை எப்படி அளப்பது?

ஸ்டிம்ப்மீட்டர் என்று மூன்றடி நீளக் கம்பி. நடுவில் பள்ளம், ஒரு முனையில் சிறு குழி. குழியில் பந்தை வைத்து மெதுவாகத் தூக்க வேண்டும். ஒரு சாய்வு வந்ததும் பந்து தானாக உருளும். எத்தனை அடி உருண்டதோ அதுதான் எண். 1935 யுஎஸ் ஓப்பனில் ஒரு பட் கிரீனைவிட்டே ஓடியதைப் பார்த்து எட்வர்ட் ஸ்டிம்ப்சன் செய்தது. சாதாரண மைதானத்தில் 8, 9 வரும். யுஎஸ் ஓப்பன் மாதிரி மேஜரில் 12, 13.

புல்லைக் குட்டையாக வெட்டி, உருளை ஓட்டி, தண்ணீரைக் குறைத்தால் வேகம் ஏறும். எல்லை தாண்டினால் புல் செத்துவிடும். 2004 யுஎஸ் ஓப்பனில், ஷின்னகாக் ஹில்ஸ் மைதானத்தில் கடைசி நாள் 7ஆவது கிரீனில் பந்து நிற்கவே இல்லை. ஆட்டத்துக்கு நடுவே குழுக்களுக்கு இடையில் தண்ணீர் தெளித்தார்கள். காலையில் ஆடியவருக்கு ஒரு கிரீன், மதியம் ஆடியவருக்கு வேறு கிரீன். அது போட்டியா என்று கேட்டால் இல்லை என்பேன்.

சென்னையிலிருந்து ஒரு குடும்பத் தலைவி: மகன் கோல்ஃப் பைத்தியம். அவனோடு உட்கார்ந்து பார்க்க ஆசை, ஆனால் ஒன்றும் புரிவதில்லை. எங்கே தொடங்கலாம் அண்ணா?

மாஸ்டர்ஸ் கடைசி நாள், 12ஆவது ஹோல். மற்றதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் தங்கச்சி. வெறும் 155 யார்டு. முன்னால் ரே ஓடை, பின்னால் புதர். மரங்களுக்கு நடுவே காற்று சுழலும். 12இன் கொடி ஒரு பக்கம் ஆடும், அருகிலேயே இருக்கும் 11இன் கொடி வேறு பக்கம் ஆடும். கேடிகள் இரண்டையும் மாறி மாறிப் பார்ப்பதைக் கவனியுங்கள்.

2016இல் ஜோர்டன் ஸ்பீத் கடைசி ஒன்பது ஹோல்களை ஐந்து அடி முன்னிலையோடு தொடங்கி, இங்கே இரண்டு பந்தைத் தண்ணீரில் போட்டு 7 எடுத்தார். 2019இல் மொலினாரி, கெப்கா, ஃபினாவ், போல்டர் நான்கு பேரும் கடைசி இரண்டு குழுக்களில் தண்ணீரில் போட்டார்கள். டைகர் வுட்ஸ் கொடியைப் பார்க்கவே இல்லை. இடது பக்கம், பத்திரமான இடத்தில் வைத்து இரண்டு பட்டில் முடித்துவிட்டு நடந்தார். அந்த ஞாயிறு அவர் ஜெயித்தது இந்தச் சலிப்பான அடியில்தான். பையனிடம் கேளுங்கள், அந்த வருடம் மொலினாரி எங்கே குறிவைத்தார் என்று. தெரிந்தால் நல்ல பையன்.

நம் நேரத்துக்கு முன்னணி ஆட்கள் அந்த ஹோலுக்கு வரும்போது பெரும்பாலும் திங்கள் அதிகாலை 2 மணி தாண்டிவிடும். ஃபிளாஸ்க்கில் காபி போட்டு வைத்துக்கொள்ளுங்கள், மறுநாள் பள்ளிக்கு லீவு கேட்பான், அதையும் இப்போதே முடிவு செய்துவிடுங்கள்.