கவுன்சிலிங் முடியும்வரை பிளஸ் டூ வீட்டில் எது பெற்றோர் வேலை, எது பிள்ளை வேலை

பிளஸ் டூ தேர்வு மார்ச்சில் முடிகிறது. முடிவு மே மாதம் வருகிறது. பொறியியல் கலந்தாய்வு ஜூலையில் தொடங்கி ஆகஸ்ட் வரை, சில ஆண்டுகளில் செப்டம்பர் வரை இழுக்கிறது. பிள்ளை பேனாவை மூடிவைத்த நாளிலிருந்து கல்லூரி வாசலில் போய் நிற்கும் நாள்வரை ஏறக்குறைய ஐந்து மாதம். அந்த ஐந்து மாதத்தில் யார் எவ்வளவு கவலைப்பட்டாலும் எழுதிய பரீட்சை மாறப்போவதில்லை. ஆனாலும் பெற்றோருக்குத் தூக்கம் கெடுவதும், கணவன் மனைவிக்குள் ‘நீ கொடுத்த செல்லம்தான்’ என்று சண்டை வருவதும் பெரும்பாலும் இந்த மாதங்களில்தான். பரீட்சைக்கு முன்னால் ‘படி’ என்று சொல்வதாவது ஒரு வேலையாக இருந்தது. இப்போது கையில் வேலையில்லை, கவலை மட்டும் மிச்சம். உண்மையில் பெற்றோர் செய்யவேண்டிய வேலை நிறையவே இருக்கிறது. அதைத் தேதி போட்டுச் செய்கிற வீட்டில் பதற்றம் பாதியாகக் குறையும்.

முதல் வேலை காகிதம். ஏப்ரலிலேயே முடித்துவிடுங்கள். முடிவு வந்த பிறகு இ-சேவை மையத்துக்குப் போனால் ஊரே அங்கே நிற்கும். சாதிச் சான்றிதழ் பிள்ளையின் பெயரில் இருக்கவேண்டும், அப்பாவுடையது உதவாது. அதிலுள்ள பெயரும் இனிஷியலும் பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். எட்டாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை ஏதாவது ஒரு வருடம் வெளிமாநிலத்தில் படித்திருந்தால், தமிழ்நாட்டைச் சேர்ந்தவர் என்று காட்டும் நேட்டிவிட்டி சான்றும் வேண்டும். வீட்டில் இதுவரை யாரும் பட்டம் பெறவில்லை என்றால் கல்விக் கட்டணச் சலுகைக்கான முதல் பட்டதாரிச் சான்று வாங்கலாம். அது கிராம நிர்வாக அலுவலரில் தொடங்கிப் பல மேசைகளைத் தாண்டி வருவதால், எல்லாவற்றுக்கும் முன்னால் அதற்கு விண்ணப்பியுங்கள். அண்ணனோ அக்காவோ அந்தச் சலுகையை ஏற்கெனவே பெற்றிருந்தால் அடுத்த பிள்ளைக்குக் கிடையாது.

பலர் சறுக்குகிற இடம் ஒன்று உண்டு. ஐஐடி, என்ஐடி இடங்களுக்கோ நீட் அகில இந்திய ஒதுக்கீட்டுக்கோ போகிற பிற்படுத்தப்பட்ட, மிகப் பிற்படுத்தப்பட்ட வகுப்புப் பிள்ளைகளுக்கு மாநில அரசின் சாதிச் சான்றிதழ் போதாது. மத்திய அரசுப் படிவத்தில் ஓபிசி நான் கிரீமி லேயர் சான்று (வசதி வரம்பைத் தாண்டாத பிற்படுத்தப்பட்டவர் என்பதற்கானது) தனியாக வாங்கவேண்டும். அந்த ஆண்டு ஏப்ரல் 1-க்குப் பிறகு வாங்கியதாகவும் அது இருக்கவேண்டும். போன வருடம் அக்காவுக்காக அலைந்தபோதே சேர்த்து வாங்கி வைத்தது செல்லாது.

விண்ணப்பத்தில் கொடுக்கும் செல்போன் எண் உங்களுடையதாகவே இருக்கட்டும். ஓடிபி எல்லாம் அதற்குத்தான் வரும். பிரவுசிங் சென்டர்காரரின் எண்ணையோ மின்னஞ்சலையோ கொடுத்துவிட்டு, ஜூலையில் பாஸ்வேர்டுக்காக அவரைத் தேடி அலைகிற குடும்பங்கள் ஒவ்வொரு வருடமும் உண்டு. பாஸ்வேர்டை ஒரு நோட்டில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள், வேறு யாருக்கும் சொல்லாதீர்கள். அது தெரிந்தவர் உங்கள் பிள்ளையின் விருப்பப் பட்டியலையே, அதாவது எந்தக் கல்லூரி, எந்தப் பாடப்பிரிவு என்று வரிசைப்படுத்திக் கொடுப்பதையே, மாற்ற முடியும்.

முடிவு வந்த அன்று, பொறியியல் தரவரிசைக்கான கட்ஆஃப் கணக்கு எளிது. கணித மதிப்பெண் அப்படியே, இயற்பியலிலும் வேதியியலிலும் பாதி, மொத்தம் 200. கணிதம் 88, இயற்பியல் 82, வேதியியல் 85 என்றால் 88, 41, 42.5 சேர்ந்து 171.5. எதிர்பார்த்ததைவிடக் கணிதத்தில் மிகவும் குறைந்திருந்தால் விடைத்தாள் நகல் கேளுங்கள். நகல் வாங்கினால்தான் மறுமதிப்பீட்டுக்கு விண்ணப்பிக்க முடியும், அதற்கும் சில நாட்களே அவகாசம். கணிதத்தில் கூடும் ஒரு மதிப்பெண் கட்ஆஃபில் ஒன்றாகவே ஏறும், மற்ற இரண்டிலும் அரைதான். அதனால் எல்லாப் பாடத்துக்கும் பணம் கட்டவேண்டிய அவசியமில்லை. நகலைப் பாட ஆசிரியரிடம் காட்டி, அவர் ‘கேட்கலாம்’ என்று சொன்ன பாடத்துக்கு மட்டும் கேளுங்கள்.

ரேண்டம் எண் (சமநிலையில் இருப்பவர்களைப் பிரிக்கக் கணினி தரும் எண்) வெளியாகும் நாளில் ‘நமக்குச் சின்ன எண் வந்துவிட்டதே’ என்று கலங்குகிற பெற்றோரும் இருக்கிறார்கள். ஒரே கட்ஆஃப் எடுத்தவர்களில் முதலில் கணிதம், பிறகு இயற்பியல், நான்காவது பாடம், பிளஸ் டூ மொத்தம், பத்தாம் வகுப்பு மதிப்பெண், பிறந்த தேதி என்று வரிசையாகப் பார்த்து, அத்தனையும் சமமாக இருந்தால்தான் அந்த எண்ணை எடுப்பார்கள். அதற்காக ஒரு வேளைச் சாப்பாட்டைக்கூட விடத் தேவையில்லை.

அடுத்து பணம். மார்ச், ஏப்ரலில் கல்லூரி முகவர்கள் போனில் பேசத் தொடங்கிவிடுவார்கள். ‘இன்று அட்வான்ஸ் கட்டினால்தான் கம்ப்யூட்டர் சயின்ஸ், நாளைக்கு இருக்காது’ என்பது அவர்களுடைய வழக்கமான பாட்டு. சுயநிதிக் கல்லூரிகளில் சிறுபான்மை அல்லாதவை 65 சதவீத இடங்களையும் சிறுபான்மைக் கல்லூரிகள் 50 சதவீத இடங்களையும் அரசுக் கலந்தாய்வுக்குத் தருகின்றன. நிர்வாக ஒதுக்கீட்டில் முகவர் விற்கப் பார்க்கிற அதே பாடப்பிரிவு, அதே கல்லூரியில், குறைந்த கட்டணத்தில் கலந்தாய்வில் கிடைக்கக்கூடும். மதிப்பெண் தெரிவதற்கு முன்னால் பயத்துக்குக் கட்டுகிற பணம் அது. நன்கொடை வாங்குவதைத் தடுக்கும் சட்டம் தமிழ்நாட்டில் 1992 முதல் இருக்கிறது. ரசீது தராமல் கேட்கிற எந்தத் தொகையையும் கொடுக்காதீர்கள்.

பணத்தைப் பற்றிப் பிள்ளையிடம் மறைக்கவும் வேண்டாம், புலம்பவும் வேண்டாம். வருடத்துக்கு இவ்வளவு முடியும், விடுதிக்கு இவ்வளவு முடியும், நான்கு வருடத்துக்குச் சேர்த்து இவ்வளவு என்று ஒரு தாளில் எழுதிக் காட்டுங்கள். பதினேழு வயதுப் பிள்ளைக்கு அது புரியும். எண் தெரியாமல் அம்மா முகம் வாடுவதை மட்டும் பார்க்கிற பிள்ளைதான் பயப்படுகிறது. கல்விக் கடன் வேண்டுமென்றால், 4 லட்சம் ரூபாய் வரை சொத்து அடமானமோ நம் பங்குத் தொகையோ இல்லாமல் தரும் வழக்கம் வங்கிகளில் உண்டு. வித்யாலட்சுமி இணையதளம் வழியாக விண்ணப்பிக்கலாம். ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்கள் 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டில் இடம் பெற்றால் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. இதைத் தெரியாமல் அட்வான்ஸ் கட்டிவிட்ட வீடுகளை நினைத்தால்தான் வருத்தம்.

இப்போது விருப்பப் பட்டியல். ஐந்து மாதத்தில் பிள்ளையின் எதிர்காலத்தை உங்களால் நிஜமாக மாற்ற முடிகிற இடம் இது ஒன்றுதான். ஆனால் பல வீடுகளில் இதற்குக் கடைசி நாள் ராத்திரி இரண்டு மணி நேரம்தான் ஒதுக்குகிறார்கள்.

கணினி ஒவ்வொருவரையும் தரவரிசைப்படி எடுக்கும். உங்கள் முறை வரும்போது பட்டியலை மேலிருந்து கீழாகப் படிக்கும். எந்த வரியில் காலி இடம் இருக்கிறதோ அதைத் தந்துவிட்டு அடுத்தவருக்குப் போய்விடும். இதிலிருந்து இரண்டு விஷயம் புரியும். கிடைக்காது என்று தோன்றுகிற கல்லூரியை முதலில் போட்டால் எந்த நட்டமும் இல்லை. அது இல்லையென்றால் கணினி அடுத்த வரிக்கு இறங்கும், அவ்வளவுதான். ஆனால் பயந்துபோய் ‘நிச்சயம் கிடைக்கும்’ என்று ஒரு சாதாரணக் கல்லூரியை முதல் வரியில் போட்டால் அதுவே கிடைத்துவிடும். அதற்கு மேலே வரியே இல்லாததால் அப்வர்டு, அதாவது மேல் வரிக்கு மாற்றம், கேட்கவும் வழியில்லை. இந்தத் தவறு நல்ல கட்ஆஃப் எடுத்த பிள்ளைகளுக்கே அதிகம் நடக்கிறது.

எதிர்ப்பக்கத் தவறு, பத்துப் பன்னிரண்டு வரியோடு நிறுத்திவிடுவது. எத்தனை வரி வேண்டுமானாலும் போடலாம். நடுத்தரக் கட்ஆஃப் என்றால் நாற்பதிலிருந்து அறுபது வரி போடச் சொல்வோம். மேலே ஆசைக்குப் பத்துப் பதினைந்து, நடுவில் போன வருடம் நம் தரவரிசைக்கு ஒட்டி முடிந்தவை, கீழே உறுதியாகக் கிடைக்கக்கூடியவை. கீழே போடுவதிலும் ஒரு எல்லை உண்டு. கிடைத்தால் சேரமாட்டோம் என்கிற கல்லூரியை எண்ணிக்கைக்காகச் சேர்க்காதீர்கள்.

போன வருட விவரத்தைப் பார்க்கும்போது கட்ஆஃபை மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவீர்கள். கணிதத் தாள் எளிதாக வந்த வருடம் எல்லாருடைய கட்ஆஃபும் சேர்ந்தே ஏறும். போன வருடம் 180-க்குக் கிடைத்த இடம் இந்த வருடம் 184 கேட்கும். தரவரிசை அவ்வளவாக ஆடாது. உங்கள் பொதுத் தரவரிசையையும் இடஒதுக்கீட்டுப் பிரிவுக்குள்ளான தரவரிசையையும் எடுத்துக்கொண்டு, அதே பாடப்பிரிவு போன வருடம் எந்தத் தரவரிசையில் முடிந்தது என்று ஒப்பிடுங்கள். இடஒதுக்கீட்டுப் பிரிவினருக்கும் பொதுப்பிரிவு இடங்களில் உரிமை உண்டு என்பதால் இரண்டு எண்ணையும் பார்க்கவேண்டும்.

கல்லூரியின் பெயரை நம்பாதீர்கள், கலந்தாய்வுக் குறியீட்டு எண்ணை நம்புங்கள். ஒரே மாதிரிப் பெயரில் கோவையில் ஒன்று, சென்னைப் புறநகரில் ஒன்று, நாமக்கல் பக்கம் ஒன்று என்று இருக்கும். குறியீட்டைத் தாளில் எழுதி வைத்து ஒருவர் வாசிக்க, இன்னொருவர் திரையில் சரிபாருங்கள். வேலைவாய்ப்பு விளம்பரத்தில் ‘உச்ச சம்பளம்’ என்று போட்டிருப்பது ஒரு மாணவர் வாங்கியதாக இருக்கும். அந்தப் பாடப்பிரிவில் எத்தனை பேர் படித்தார்கள், அவர்களில் எத்தனை பேருக்கு வேலை கிடைத்தது, நடுவில் இருப்பவர் சம்பளம் என்ன என்று கேளுங்கள். மூன்று நிறுவனங்களில் தேர்வான ஒரே மாணவரை மூன்று பேராக எண்ணியிருக்கிறார்களா என்றும் கேட்டுப் பாருங்கள். இதற்கு நேராகப் பதில் சொல்கிற கல்லூரி பட்டியலில் சில வரி மேலே போகத் தகுதியானது.

பட்டியலில் யார் பேச்சு எடுபடவேண்டும்? கட்டண வரம்பும் தூர வரம்பும் பெற்றோர் சொல்லலாம். பாடப்பிரிவு பிள்ளையின் தீர்மானமாக இருக்கட்டும். சித்தப்பா மகன் ஐடியில் இருக்கிறான் என்பதற்காக, மெக்கானிக்கல் கேட்கிற பெண்ணை கம்ப்யூட்டர் சயின்ஸில் சேர்த்தால், அரியர் எழுதப்போவது அவள்தான்.

தற்காலிக ஒதுக்கீடு வந்ததும் பதில் சொல்ல இரண்டு நாள்தான் தருவார்கள். அந்த இரண்டு நாளும் வீட்டில் ஒருவர் ஊரைவிட்டு நகராமல் இருப்பது நல்லது. ஏற்றுக்கொண்டு சேரலாம், ஏற்றுக்கொண்டு மேல் வரி காலியானால் மாற்றக் கேட்கலாம், இது வேண்டாம், மேல் வரி வந்தால் மட்டும் போதும் எனலாம், அடுத்த சுற்றுக்குப் போகலாம், விலகலாம். பெரும்பாலோருக்கு இரண்டாவதே பொருத்தம். ஆனால் அதில் ஒரு கண்ணி உண்டு. மேல் வரி கிடைத்துவிட்டால் பழைய இடம் தானாகப் போய்விடும், திரும்பக் கேட்க முடியாது. மேலே இருக்கிற ஒவ்வொரு வரியும் இப்போது கையில் இருப்பதைவிட நிஜமாகவே வேண்டியதா என்று பட்டியலைப் பூட்டும் முன்பே பார்த்துவிடவேண்டியது இதனால்தான். அடுத்த சுற்றுக்குப் போகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள்: அங்கே இருப்பது பெரும்பாலும் இந்தச் சுற்றில் மிஞ்சிய இடங்கள்.

நீட் எழுதிவிட்டுக் காத்திருக்கும் வீடுகளுக்கு இந்தக் காலம் இன்னும் நீளம். மருத்துவக் கலந்தாய்வு பிந்தி வருவதால் பொறியியல் இடத்தைப் பிடித்து வைத்துக்கொள்வது சரியே. பிறகு விலகும்போது பணம் திரும்பக் கேட்க உரிமை உண்டு. பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) 2018-இல் வெளியிட்ட விதிப்படி, அறிவிக்கப்பட்ட கடைசிச் சேர்க்கை நாளுக்குப் பதினைந்து நாள் முன்பே விலகினால் சிறு கழிவு போக முழுத் தொகையும் திரும்ப வரும். பிந்தப் பிந்தக் குறைந்து, கடைசி நாளுக்கு முப்பது நாள் கழித்து ஒன்றும் வராது. அசல் சான்றிதழ்களைக் கல்லூரி பிடித்து வைத்துக்கொள்ளக் கூடாது என்றும் அதே விதி சொல்கிறது. விலகல் கடிதத்தைத் தேதியோடு மின்னஞ்சலிலும் அனுப்பிவிடுங்கள், வாய்ப்பேச்சுக்குக் கணக்கில்லை.

வீட்டுக்குள் வரும் பேச்சுக்கு ஒரு கதவு போடுங்கள். ‘எவ்வளவு எடுத்தான், எங்கே போட்டிருக்கீங்க’ என்று கேட்கிற உறவினருக்கு ‘கவுன்சிலிங் முடிந்ததும் சொல்றோம்’ என்ற ஒரே பதில் போதும். அதை அப்பாவும் அம்மாவும் பாட்டியும் ஒரே மாதிரி சொல்லவேண்டும். சாப்பாட்டு நேரத்தில் கல்லூரிப் பேச்சு வேண்டாம். ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு அரை மணி நேரம் பேசுங்கள், மற்ற நேரம் பிள்ளையை விட்டுவிடுங்கள். பெற்றோர் வாட்ஸ்அப் குழுக்களில் வருகிற ‘உறுதியான தகவல்’களில் பாதி போன வருடத்துத் தேதிகள். தொழில்நுட்பக் கல்வி இயக்ககத்தின் இணையதளத்தைக் காலையில் ஒருமுறை, மாலையில் ஒருமுறை பார்த்தால் எதுவும் தவறாது.

பிள்ளை சில நாட்களாகச் சரியாகச் சாப்பிடாமல், தூங்காமல், நண்பர்களிடமும் பேசாமல் இருந்தால் அதைச் சோம்பல் என்று திட்டாதீர்கள். ‘நான் உங்களுக்குப் பாரம்’ என்ற தொனியில் ஒரு வார்த்தை வந்தாலும் தனியாக விடாமல் கூடவே இருந்து 14416-ஐ அழையுங்கள். டெலி மனஸ் சேவை அது. இருபத்து நான்கு மணி நேரமும் இலவசம், தமிழில் பேசுவார்கள். நெஞ்சு படபடக்கிற பெற்றோரும் அதே எண்ணில் பேசலாம். பிரஷர் மாத்திரையை மறக்கிற மாதங்களும் இவைதான்.

ஒரு பாடத்தில் தவறிவிட்டால் அந்த ஆண்டே போய்விட்டது என்று நினைக்க வேண்டாம். துணைத் தேர்வு சில வாரங்களிலேயே வருகிறது. அதில் தேறியவர்களுக்குப் பொறியியலில் துணைக் கலந்தாய்வும் உண்டு. கட்ஆஃப் மிகவும் குறைவாக இருந்து பொறியியல்தான் வேண்டும் என்றால், பாலிடெக்னிக்கில் டிப்ளமோ முடித்து நேரடியாக இரண்டாம் ஆண்டு பிஇ சேரலாம். அரசு கலைக் கல்லூரிகளுக்கு விண்ணப்பம் மே மாதமே தொடங்கி, பொறியியல் கலந்தாய்வுக்கு முன்னால் முடிந்துவிடுகிறது. கட்டணமும் மிகக் குறைவு. பொறியியல் கிடைக்குமா என்று சந்தேகம் உள்ள எல்லாரும் முடிவு வந்த வாரத்திலேயே அதையும் ஒன்று போட்டு வைத்துவிடுங்கள்.