தலைவலி மாத்திரை கேட்ட தம்பிக்கு

தம்பி, மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் செம்பனைத் தோட்டத்துக்கு வந்து மூன்று மாதம் ஆகிறது, சாயங்காலமானால் தலையைச் சுற்றிக் கயிறு கட்டி இறுக்குவது போல வலிக்கிறது, கிளினிக்கில் கொடுத்த கலவை மாத்திரை (ஒன்றுக்கு மேற்பட்ட மருந்து சேர்ந்தது) தீரப்போகிறது, கூடத் தங்கியிருக்கும் அண்ணன் ஊரிலிருந்து கொண்டுவந்த டப்பாவிலிருந்து தினம் ஒன்று தருகிறார், அதையே தொடரலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கூடவே சிம் கார்டு, பணம் அனுப்புவது, வெளியே ரூம் எடுப்பது என்று இன்னும் மூன்று கேள்வி. அதெல்லாம் இருக்கட்டும். முதலில் அந்த டப்பா.

நான் 1998இல் புதுக்கோட்டைப் பக்கத்திலிருந்து இதே ஊருக்கு வந்தவன். ரொட்டி போடுகிற வேலை என்று சொல்லிக் கூட்டிவந்து பாத்திரம் கழுவ விட்டார்கள். கடைக்கு மேல்மாடியில் பதினோரு பேர், ஒரே ஒரு ஃபேன். பாஸ்போர்ட் முதலாளியின் இரும்புப் பெட்டியில். விடிகாலையில் குனிந்த கழுத்து ராத்திரி பதினொன்றுக்குத்தான் நிமிரும். அப்புறம் தலை வலிக்காமல் என்ன செய்யும்? நெற்றியிலிருந்து பிடரிவரை, இரண்டு பக்கமும் ஒரே இறுக்கம். வாந்தி கிடையாது, துடிப்பு கிடையாது. நீங்கள் சொல்லும் அதே வலி.

அம்மா பையில் பத்து அட்டை மாத்திரை வைத்து அனுப்பியிருந்தாள். ஒரே மாத்திரையில் மூன்று மருந்து, அதில் ஒன்று காப்பியில் இருக்கும் கஃபீன். போட்ட அரை மணியில் தலை லேசாகிவிடும். வாரத்துக்கு இரண்டு என்று ஆரம்பித்தது அநேகமாகத் தினம் ஒன்றானது, பிறகு இரண்டானது. கடைசியில் பல் விளக்குவதற்கு முன்னால் மாத்திரையைத் தேடும் நிலைமை.

தோட்டத்து ஆஸ்பத்திரியில் டிரசராக, அதாவது மருத்துவ உதவியாளராக இருந்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் தினம் பசியாற எங்கள் கடைக்கு வருவார். கோப்பி ஓ என்கிற பாலில்லாத காப்பி, முறுகலாக இரண்டு தோசை. ஒருநாள் நான் தலையைப் பிடித்துக்கொண்டு மேஜை துடைப்பதைப் பார்த்தார். எங்கே வலிக்கிறது என்று அவர் கேட்கவில்லை. "மாசத்துக்கு எத்தனை நாள்டா மாத்திரை போடுறே?" என்றார். எனக்குத் தெரியவில்லை. சுவரில் மாட்டியிருந்த காலண்டரைக் காட்டி, போடுகிற நாளில் பென்சிலால் ஒரு பெருக்கல் குறி போடச் சொன்னார். மாதக் கடைசியில் எண்ணினால் 23.

இன்றைக்கு டாக்டர்கள் சொல்லும் கணக்கு இது: கலவை மாத்திரையை மாதத்தில் 10 நாள் அல்லது அதற்கு மேல், மூன்று மாதத்துக்கும் அதிகமாகப் போட்டுவந்தால் மாத்திரையே தலைவலியைக் கொண்டுவர ஆரம்பிக்கும். வெறும் பாராசிட்டமால் என்றால் 15 நாள். பெரியவர் என்னை மாத்திரையை நிறுத்தச் சொன்னார், கோப்பியையும் குறைக்கச் சொன்னார். முதல் எட்டு நாள் நரகம். வலி இரட்டிப்பானது, சட்டி கழுவும் தொட்டியிலேயே வாந்தி எடுத்தேன். ஒன்பதாம் நாள் காலை எழுந்து உட்கார்ந்த பிறகுதான் தலை வலிக்கவில்லை என்பதே உறைத்தது. ஆனால் இதைப் படித்துவிட்டு நீங்களும் சட்டென்று நிறுத்திவிடாதீர்கள். சில மாத்திரைகளை டாக்டர் பார்வையில்தான் படிப்படியாகக் குறைக்க வேண்டும். டப்பாவில் என்ன இருக்கிறது என்று தெரியாமல் எதுவும் செய்யக்கூடாது.

என் மனைவியின் அண்ணன் மகன் நியூ ஜெர்சியிலிருந்து வந்தபோது ஒரு பாட்டில் கொண்டுவந்தான். பியூட்டால்பிட்டால் 50 மில்லிகிராம், பாராசிட்டமால் 325, கஃபீன் 40. இந்த இறுக்கத் தலைவலிக்கென்றே அங்கே டாக்டர் சீட்டில் கொடுப்பது. அமெரிக்க மாத்திரை என்றதும் வீட்டில் பிரசாதம் மாதிரி ஆளுக்கு இரண்டு கேட்டார்கள். பியூட்டால்பிட்டால் என்பது பார்பிட்டுரேட் வகை. தூக்கம் தள்ளும், பழகிவிடும், பழகியபின் திடீரென்று விட்டால் வலிப்புகூட வரலாம். சாராயத்தோடு சேர்ந்தால் மூச்சையே மந்தமாக்கும். சனிக்கிழமை சம்சு என்கிற மலிவுச் சாராயம், ஞாயிற்றுக்கிழமை தலைவலி மாத்திரை என்று காலம் தள்ளிய நம் ஊர்க்காரர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அவர்களிடம் மருந்து விஷயத்தில் யோசனை கேட்காதீர்கள்.

இன்னொன்று, கோடீன் என்கிற அபின் வகை மருந்து கலந்த மாத்திரை. உங்களுக்கு ஃபோமேமா என்று வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்கான மருத்துவப் பரிசோதனை உண்டு, அதில் சிறுநீரில் அபின் வகையும் கஞ்சாவும் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். கோடீன் உடம்புக்குள் போனால் கொஞ்சம் மார்ஃபினாக மாறும். ஊரில் தலைவலிக்கு வாங்கிய மாத்திரை என்று அங்கே போய் விளக்கிக்கொண்டிருக்க முடியுமா? டாக்டரே கொடுத்தது என்றாலும் சீட்டைப் பத்திரமாக வைத்திருங்கள்.

கிளினிக்கில் கொடுத்தது தசையைத் தளர்த்தும் ஓர்ஃபெனட்ரின் 35 மில்லிகிராம், பாராசிட்டமால் 450 என்று எழுதியிருக்கிறீர்கள். இங்கே கழுத்துப் பிடிப்போடு வரும் தலைவலிக்கு அடிக்கடி கொடுப்பதுதான், கொஞ்ச நாளைக்கு நல்ல மருந்து. வாய் உலரும், கண் மங்கும், தூக்கம் வரும். அதைப் போட்டுக்கொண்டு மோட்டார் சைக்கிள் ஓட்டாதீர்கள், நீளக் கம்பு அரிவாளைத் தூக்காதீர்கள். பாக்கெட்டில் '2 பிஜி, 3 காலி செஹாரி' என்று மலாயில் எழுதியிருக்கும். நான் வந்த புதிதில் '3 காலி' என்றால் மூன்றையும் ஒரே தடவையில் போட்டுக் காலி பண்ணு என்று நினைத்தவன். இரண்டு மாத்திரை, ஒரு நாளைக்கு மூன்று வேளை என்று அர்த்தம். இப்போது நான் பசாரில் மலாய் பேசினால் மீன்காரரே எந்த ஊர் என்று கேட்பதில்லை, அது வேறு கதை.

சரி, கணக்குப் போடுங்கள். 450 மில்லிகிராம், இரண்டிரண்டாக மூன்று வேளை, மொத்தம் 2,700. வலி நிற்கவில்லை என்று கடையில் 500 மில்லிகிராம் பாராசிட்டமால் வாங்கி அதையும் இரண்டிரண்டாக மூன்று வேளை போட்டால் இன்னொரு 3,000. ஆக 5,700. பெரியவர்களுக்கே ஒரு நாளைக்கு 4,000தான் எல்லை, குடிக்கிறவர்களுக்கு அதுவும் அதிகம். ஈரல் போய்விடும். அண்ணன் டப்பாவிலும் பாராசிட்டமால் இருந்தால் என்ன ஆகும் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

காய்ச்சலோடு தலை வலித்தால் டெங்கியாக இருக்கலாம். அப்போது ஆஸ்பிரின், ஐபுப்ரொஃபென் கலந்த எதையும் தொடாமல் கிளினிக்குக்கு ஓடுங்கள். தலையில் மட்டையோ குலையோ விழுந்து வலித்தாலும், பேச்சு குழறினாலும், இடி விழுந்தது போலத் திடீரென்று வலித்தாலும் மாத்திரை தேடாமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். வேலையை மேற்பார்க்கும் மண்டோர் நாளைக்குப் பார்க்கலாம் என்பார். கேட்காதீர்கள்.

உங்கள் வலிக்குப் பாதி காரணம் குலை வெட்ட நாள் முழுக்க அண்ணாந்து பார்ப்பது என்று நினைக்கிறேன். மீதி, வெயிலில் தண்ணீர் குடிக்காததும் ராத்திரி ஒரு மணிவரை ஊருக்கு வீடியோ பேசுவதும். இதையெல்லாம் சரிசெய்த பிறகும் அடிக்கடி வந்தால் வராமல் தடுக்க அமிட்ரிப்டிலின் என்று ஒரு மருந்தை இரவில் சின்ன அளவில் கொடுப்பார்கள். அதை டாக்டர்தான் முடிவுசெய்ய வேண்டும்.

பெரியவர் என்னிடம் ஒரு வெள்ளி (ரிங்கிட்) கூட வாங்கியதில்லை. தோசை மட்டும் முறுகலாக வேண்டும். நான் பாத்திரம் கழுவுவதை விட்டுத் தோசைக்கல்லுக்குப் போன பிறகு அவருக்கு நானே ஊற்றுவேன். ஓரம் சிவக்கும்வரை நிற்பேன், முதலாளி கேஸ் வீணாகிறது என்று கத்துவார். மூன்றாம் மாதம் காலண்டரில் நாலே குறி. அதை அவரிடம் காட்டினேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு ஒவ்வொன்றாக எண்ணினார். "இந்தப் பதினேழாம் தேதி என்ன?" என்றார். அன்றைக்கு அம்மாவின் கடிதம் வந்திருந்தது.

சிம் கார்டு, பணம் அனுப்புவது, ரூம் பற்றியெல்லாம் அந்த டப்பா அண்ணனிடமே கேளுங்கள். அதில் அவர் கெட்டிக்காரராகத்தான் இருப்பார்.