இனிஷியலும் கசகசாவும்: வெளிநாடு கிளம்புகிறவர்களுக்குக் கேள்வி பதில்

பாலக்காடு மாவட்டத்தில் தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், மீனாட்சிபுரம், கோவிந்தாபுரம் பக்கத்திலிருந்து வந்த கேள்விகள் இவை. பாதிக்கு மேல் பெயர்ச் சிக்கல்தான், அதனால் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

கேள்வி (கொழிஞ்சாம்பாறை): அண்ணா, எஸ்எஸ்எல்சி புத்தகத்துல "முருகன் கே"ன்னு இருக்கு. ஆதார்ல "கே. முருகன்". பாஸ்போர்ட்டுக்கு எதை எழுதறதுங்க?

இரண்டையும் எழுத முடியாது தம்பி. பாஸ்போர்ட்டில் இனிஷியலுக்கு இடமே கிடையாது. விண்ணப்பத்தில் இரண்டு கட்டம்: கிவன் நேம் (சொந்தப் பெயர்), சர்நேம் (குடும்பப் பெயர்). இனிஷியலை விரித்துத்தான் எழுத வேண்டும்.

நம் பக்கத்துச் சங்கடம் அந்த "கே" எதைக் குறிக்கிறது என்பது. தமிழ்நாட்டு வழக்கில் இனிஷியல் முன்னால் வரும், அது அப்பா பெயர். கேரளப் பள்ளியில் பின்னால் வரும், வீட்டுப் பெயராகவும் இருக்கலாம். சித்தூர் தாலுகாவில் "களம்" என்று முடியும் வீட்டுப் பெயர்கள் எத்தனையோ. அண்ணனுக்கு அப்பா பெயரும் தம்பிக்குக் களத்தின் பெயருமாக விரித்து எழுதினால் ஒரே வீட்டில் இரண்டு சர்நேம் ஆகிவிடும். ஒன்றை முடிவு செய்யுங்கள். அப்பா பெயர் என்றால் கிவன் நேம் முருகன், சர்நேம் கந்தசாமி. முதலில் ஆதாரை அப்படித் திருத்துங்கள், அடுத்து பான் கார்டு, அதற்குப் பிறகுதான் பாஸ்போர்ட் விண்ணப்பம். வரிசை மாறினால் ஒவ்வொரு திருத்தத்துக்கும் மறுபடி அலைச்சல்தான். அப்புறம், வெளிநாட்டு கவுன்டரில் "மிஸ்டர் கந்தசாமி" என்று அப்பாவைக் கூப்பிட்டால் திரும்பிப் பாருங்கள், கூப்பிடுவது உங்களைத்தான்.

எழுத்துக்கூட்டலையும் கவனியுங்கள். "லட்சுமி" தமிழ்நாட்டுத் தாளில் டி-சி-எச் போட்டு வரும், கேரளத் தாளில் கே-எஸ்-எச். நமக்கு ஒரே லட்சுமி, கம்ப்யூட்டருக்கு இரண்டு பேர்.

கேள்வி (மீனாட்சிபுரம்): சர்நேம் கட்டத்தைக் காலியா விட்டா என்னங்க?

பாஸ்போர்ட் கிடைக்கும். விசாவில்தான் தட்டும். 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம், பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் உள்ளவர்களுக்கு விசிட், டூரிஸ்ட் விசா இல்லை என்றது. பிறகு, அப்பா பெயரோ குடும்பப் பெயரோ இரண்டாம் பக்கத்தில் இருந்தால் போதும் என்று தளர்த்தியது. அடுத்த நாடு என்ன சொல்லும் என்று யார் கண்டது? புதிதாக எடுக்கிறவர்கள் இரண்டு கட்டத்தையும் நிரப்பிவிடுங்கள்.

கேள்வி (வேலந்தாவளம்): வேலை கோயம்புத்தூர்ல, ஆதார் கேரளா அட்ரஸ். அப்பாயின்ட்மென்ட் கோவையிலயே வாங்கலாமா?

வாங்கலாம். இந்தியாவில் எந்த ஊர் பாஸ்போர்ட் அலுவலகத்தையும் தேர்ந்தெடுக்கலாம். ஆனால் போலீஸ் விசாரணை நீங்கள் எழுதிய முகவரிக்குரிய ஸ்டேஷனிலிருந்துதான் வரும். பாஸ்போர்ட்டும் ஸ்பீடு போஸ்ட்டில் அங்கேதான் போகும். விசாரணைக்கு வரும்போது நீங்கள் கோவை ரூமில் இருந்தால், "ஆள் இல்லை" என்று அறிக்கை போய்விடும். போன் வந்ததும் பஸ் பிடித்து வரத் தயாராக இருங்கள்.

36 பக்கத்துக்கு 1,500 ரூபாய், 60 பக்கத்துக்கு 2,000. தட்கலுக்கு மேலே 2,000. தட்கலில் தேதிதான் சீக்கிரம் கிடைக்கும், பெயர் பிழையெல்லாம் அதில் மறையாது. அக்ஷயா மையத்தில் (கேரள அரசின் இ-சேவை மையம்) விண்ணப்பித்தாலும் லாகினுக்கு உங்கள் செல் நம்பரையும் உங்கள் மெயிலையும் கொடுங்கள். மையத்தின் மெயிலைப் போட்டுவிட்டால், பிறகு பாஸ்வேர்டு கேட்டு அங்கேயே நிற்க வேண்டியதுதான்.

கேள்வி (முதலமடை): மச்சான் ஒன்பதாவதுதான் படிச்சிருக்கான். ஏஜென்ட் ஒருத்தர் "விசிட் விசால துபாய் போ, போனதும் வேலை விசாவா மாத்திக்கலாம்"கறார். போலாமுங்களா?

போக வேண்டாம் அக்கா. இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

பத்தாவது தேறாதவர் பாஸ்போர்ட்டில் ஈசிஆர், அதாவது "குடிபெயர்வுச் சோதனை தேவை" என்று அச்சாகியிருக்கும். அப்படிப்பட்டவர் வளைகுடா நாடுகள், மலேசியா உள்பட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போக குடிபெயர்வு அனுமதி வேண்டும். சுற்றுலா, விசிட் என்றால் வேண்டாம். ஏஜென்ட் நுழையும் ஓட்டை இதுதான். அனுமதி இல்லாமல் போனவருக்கு ஒப்பந்தம் பதிவில் இல்லை, காப்பீடு இல்லை. அங்கே முதலாளி சம்பளத்தை நிறுத்தினால் கையில் காட்ட ஒரு தாள்கூட இருக்காது. விசிட் விசாவில் வேலை செய்வதே அங்கே குற்றம், எனவே புகார் கொடுக்கப் போனால் முதலில் மாட்டுவது அவர்தான்.

நேர்வழி இது. மத்திய அரசின் இ-மைக்ரேட் இணையதளத்தில் ஏஜென்டின் பதிவு எண்ணைப் போட்டு, உரிமம் உயிரோடு இருக்கிறதா என்று பாருங்கள். பதிவுள்ள ஏஜென்ட் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் அதிகபட்சம் 30,000 ரூபாய், ஜிஎஸ்டி தனி. ஒன்றரை லட்சம் கேட்டால் அங்கேயே எழுந்து வந்துவிடலாம். பணம் வங்கி வழியாக மட்டும், ரசீதோடு. பிரவாசி பாரதிய பீமா யோஜனா காப்பீடு இரண்டு வருடத்துக்கு 275 ரூபாய், மூன்று வருடத்துக்கு 375. விபத்தில் இறந்தாலோ நிரந்தர ஊனமானாலோ 10 லட்சம். சந்தேகம் இருந்தால் 1800 11 3090 என்ற இலவச எண்ணில் கேளுங்கள்.

இன்னொன்று: மச்சான் பத்தாவது எழுதித் தேறிவிட்டால், சான்றிதழைக் காட்டி ஈசிஆர் இல்லாத பாஸ்போர்ட்டாக மாற்றிக்கொள்ளலாம்.

கேள்வி (கோவிந்தாபுரம்): பி.இ. கோயம்புத்தூர்ல படிச்சேன். துபாய் கம்பெனி அட்டஸ்டேஷன் கேக்குது. நோர்க்கால முடியுமாங்க?

அட்டஸ்டேஷன் என்பது சான்றிதழ் உண்மையானது என்று அரசு முத்திரை வைப்பது; நோர்க்கா கேரள அரசின் வெளிநாடுவாழ் கேரளர்களுக்கான அமைப்பு. சான்றிதழ் எந்த மாநிலத்துடையதோ அந்த மாநிலம்தான் முதல் முத்திரை வைக்க வேண்டும். வீடு கேரளத்தில் இருப்பது கணக்கில் வராது. உங்களுக்குச் சென்னைதான். பிறகு மத்திய வெளியுறவு அமைச்சகம், அதன் பிறகு அமீரகத் தூதரகம். சவூதி, ஓமன், பஹ்ரைன் போகிறவர்களுக்கு அப்போஸ்டில் (வெளியுறவு அமைச்சகம் ஒட்டும், பல நாடுகள் ஏற்கும் பொதுச் சான்று) போதும், தூதரகப் படி மிச்சம். முத்திரை சான்றிதழின் பின்பக்கம் விழும் என்பதால், பட்டத்தை லாமினேஷன் செய்து வைத்திருக்கிறவர்கள் அதை முதலில் உரிக்க வேண்டும். மை ஒட்டியிருந்தால் எழுத்தும் கூடவே உரிந்து வரும். வீட்டில் முயல வேண்டாம்.

கேள்வி (சித்தூர்): ஜெர்மனியில இருக்கற மகன்கிட்ட நாங்க ரெண்டு பேரும் மூணு மாசம் இருந்துட்டு வரலாம்னு...

ஷெங்கன் விசாவில் (ஜெர்மனி உள்ளிட்ட பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான விசா) மூன்று மாதம் கிடையாதுங்க, 90 நாள். இறங்கும் நாளும் ஏறும் நாளும் அதில் சேரும். மே 1 இறங்கினால் ஜூலை 29க்குள் கிளம்ப வேண்டும். ஜூலை 31க்கு டிக்கெட் போட்டால் இரண்டு நாள் கூடுதல், அடுத்த விசாவுக்கு அது கறுப்புப் புள்ளி. பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம், கடைசி வரம்பு 15 நாள். கோடை சீசனில் அப்பாயின்ட்மென்ட் கிடைக்கவே வாரக்கணக்கில் ஆகும். மருத்துவக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு. பாஸ்போர்ட் திரும்பி வந்த பிறகும் மூன்று மாதம் செல்லுபடியாக வேண்டும், இரண்டு பக்கம் காலியாக இருக்க வேண்டும். மகனை அங்குள்ள வெளிநாட்டினர் அலுவலகத்தில், உங்கள் செலவைத் தான் ஏற்பதாகப் பொறுப்பேற்புப் பத்திரம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். உங்கள் வங்கிக் கணக்கின் பலவீனத்தை அது ஈடுகட்டும்.

கேள்வி (வண்ணாமடை): தங்கச்சி தனியா கத்தார் போறா. பாதுகாப்புக்கு என்னென்ன செஞ்சு வைக்கணும்?

பாஸ்போர்ட், விசா, வேலை ஒப்பந்தம், தங்கும் அறை முகவரி: நான்கின் நகலும் வீட்டில் ஒன்று, அவர் போனில் ஒன்று, பெட்டியின் அடியில் தாளாக ஒன்று. இந்தியத் தூதரகத்தின் அவசர எண்ணை போனில் மட்டும் வைக்காமல் ஒரு காகிதத்திலும் எழுதி வைக்கட்டும், போன் பறிபோகும் நாளுக்குத்தான் அது. தினமும் ஒரு நேரம் வைத்துப் பேசுங்கள். பக்கத்தில் ஆள் இருந்து வாய் திறக்க முடியாதபோது சொல்ல ஒரு சொல்லை முன்பே பேசி வையுங்கள். "மாடு கன்னு போட்டுச்சா?" மாதிரி, கேட்பவருக்குச் சந்தேகம் வராத வார்த்தை. பாஸ்போர்ட் தொலைந்தால் முதலில் அங்குள்ள போலீஸில் புகார், அந்தத் தாளோடு தூதரகம். ஊர் திரும்ப மட்டும் உதவும் எமர்ஜென்சி சர்ட்டிபிகேட் அங்கே கிடைக்கும். ஊர் சிம்மை ரீசார்ஜ் செய்து உயிரோடு வையுங்கள், வங்கி ஓடிபி அதில்தான் வரும்.

கேள்வி (நல்லேப்பிள்ளி): அம்மா குருமாப் பொடி கட்டிக் குடுத்திருக்காங்க...

அதில் கசகசா இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். அமீரகம், சவூதி, கத்தாரில் கசகசா போதைப்பொருள் பட்டியலில் உள்ளது. அரைத்த பொடியென்றாலும் விலக்கு இல்லை. டிரமடால் வலி மாத்திரை, கோடீன் கலந்த இருமல் சிரப், அல்பிரசோலம் தூக்க மாத்திரை இவையும் அங்கே கட்டுப்பாட்டுக்கு உட்பட்டவை. டாக்டர் எழுதித் தந்திருந்தால் கிளம்பும் முன்பே அந்த நாட்டின் அனுமதி வாங்க வேண்டும். மாத்திரையை அட்டையிலிருந்து உதிர்த்து டப்பாவில் போட வேண்டாம். பக்கத்து வீட்டுக்காரர் "எங்க பையனுக்கு" என்று கொடுக்கும் ஒட்டிய பொட்டலத்தைப் பிரித்துப் பார்க்காமல் வாங்காதீர்கள். கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும்.

கேள்வி (எருத்தேம்பதி): கொப்பரைத் தேங்காய்?

செக்-இன் பெட்டியில் கூடாது. எண்ணெய்ப் பசையால் தீப்பிடிக்கும் பொருளாக 2022 முதல் தடை. பவர் பேங்க் அதற்கு நேர் எதிர்: அது கைப்பையில் மட்டும்.

கேள்வி (கொடுவாயூர்): கென்யாவுக்கு அடுத்த வாரம் டிக்கெட். மஞ்சள் காய்ச்சல் ஊசி இப்பப் போட்டாப் போதுங்களா?

போதாது. ஊசி போட்ட 10ஆம் நாளிலிருந்துதான் சான்றிதழ் செல்லும். அது இல்லாமல் திரும்பினால் இங்கே இறங்கியதும் ஆறு நாள் வரை தனிமையில் வைப்பார்கள். எல்லா ஆஸ்பத்திரியிலும் போட மாட்டார்கள், அங்கீகாரம் பெற்ற மையம் வேண்டும். நமக்குக் கொச்சி துறைமுக சுகாதார அலுவலகம் இருக்கிறது. நாளைக்கே போனில் கேட்டுவிட்டுப் போங்கள், ஊசி தினமும் போடுவதில்லை. முடிந்தால் டிக்கெட்டைத் தள்ளி வையுங்கள்.