நடுநிலை வகுப்புகளில் கற்றல் மையங்கள் சரிப்பட்டு வருமா?

இந்தக் கேள்வியை என்னிடம் கேட்ட ஆசிரியர் ஆறாம், ஏழாம் வகுப்புகளுக்குக் கணக்கும் அறிவியலும் எடுக்கிறார். வகுப்பில் கற்றல் மையங்கள் அமைக்க ஆசை, அதாவது இடத்துக்கு ஒரு வேலை வைத்து, பிள்ளைகள் குழுக்களாக இடம் மாறி மாறிச் செய்வது. ஆனால் அது சின்னப் பிள்ளைகளுக்கான முறை, 40 நிமிடப் பாடவேளையில் 36 பேரை வைத்துக்கொண்டு நடக்காது என்று உடன் வேலை செய்பவர்கள் சொல்கிறார்களாம்.

நடக்கும். நானும் அதே வயதுப் பிள்ளைகளுக்கு அதே இரண்டு பாடங்களைத்தான் எடுக்கிறேன். மையங்கள் இல்லாமல் பின்னம் நடத்தச் சொன்னால் எனக்குக் கை ஒடிந்த மாதிரி இருக்கும். ஆனால் தொடக்க வகுப்பில் செய்வதை அப்படியே தூக்கி வந்து வைத்தால் நடக்காது. அந்த அளவுக்கு உங்கள் நண்பர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது.

அவர்கள் அப்படி நினைப்பதற்கு வரலாறும் ஒரு காரணம். பிள்ளைகள் பொருள்களைக் கையில் எடுத்து, அவரவர் வேகத்தில் வேலை செய்யும் வகுப்பறையை மரியா மாண்டிசோரி 1907இல் ரோம் நகரில் தொடங்கினார். வந்தவர்கள் பள்ளி வயதுகூட ஆகாத குழந்தைகள். பின்னால் இங்கிலாந்தில் இந்த மாதிரிக் கல்விக்கு வலுச் சேர்த்த 1967ஆம் ஆண்டு ப்ளவுடன் அறிக்கை என்ற கல்விக் குழு அறிக்கையும் தொடக்கப் பள்ளிகளைப் பற்றியதுதான். ஆக, மையம் என்றாலே பொம்மையும் வண்ணக் காகிதமும் நினைவுக்கு வருகின்றன. 12 வயதுப் பிள்ளைக்கு அந்த அலங்காரம் எதுவும் வேண்டாம். வகுப்பறையில் ஆறு இடம், ஆறு வேலை, ஆறு குழு, நேரம் வந்ததும் இடம் மாறுவது. அவ்வளவுதான்.

மையங்கள் எதற்கு என்பதில் என் கருத்து கொஞ்சம் வேறு. "பிள்ளைகள் சுறுசுறுப்பாக இருப்பார்கள், கற்றல் மகிழ்ச்சியாக இருக்கும்" என்று பொதுவாகச் சொல்வார்கள். அதெல்லாம் கூடவே வருவது. ஆறே ஆறு பிள்ளைகளோடு கால் மணி நேரம் நான் உட்கார்ந்து பேச வேண்டும், அதற்காகத்தான் மற்ற ஐந்து மையங்களையும் வைக்கிறேன். ஆசிரியர் உட்காரும் மேசைதான் உயிர். மற்றவை ஆசிரியர் இல்லாமல் தானாக ஓட வேண்டும்.

அந்த மேசையில் என்ன நடக்கும் என்று ஒரு உதாரணம் சொல்கிறேன். 7/8, 4/5 இரண்டில் எது பெரியது என்று கேட்கிறேன். முழு வகுப்பில் கேட்டால் நான்கு பேர் கை தூக்குவார்கள், ஒருவர் சரியாகச் சொல்வார், எல்லோரும் நோட்டில் எழுதிக்கொள்வார்கள். "புரிஞ்சுதா?" "புரிஞ்சுது டீச்சர்." முடிந்தது. மேசையில் ஆறு பேரும் ஆளுக்கொரு தாளில் விடையையும் காரணத்தையும் எழுத வேண்டும். அதில் ஒரு பிள்ளை, "இதுலயும் ஒண்ணு குறையுது, அதுலயும் ஒண்ணு குறையுது, அதனால ரெண்டும் சமம்" என்று எழுதுவான். இந்த விடை எனக்குத் தங்கம். முழுசுக்கு ஒரு துண்டு பாக்கி என்பதை அந்தப் பிள்ளை சரியாகவே பார்த்திருக்கிறான். அந்தத் துண்டின் அளவு வேறு வேறு என்பதை மட்டும்தான் பார்க்கவில்லை. ஒரே நீளமுள்ள இரண்டு காகிதப் பட்டைகளை எடுத்து, ஒன்றை எட்டுச் சம துண்டாகவும் இன்னொன்றை ஐந்து சம துண்டாகவும் பிரித்து ஏற்கெனவே கோடு போட்டு வைத்திருப்பேன். விட்டுப்போன துண்டை மட்டும் வண்ணம் தீட்டச் சொல்வேன். இரண்டு துண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்ததும், "எட்டாப் பிரிச்சது சின்னது, அப்போ அதுலதான் கம்மியா குறையுது" என்று அவன் வாயிலிருந்தே வரும். முழு வகுப்பில் அந்தத் தவறு என் கண்ணில் படாமலே தேர்வுத் தாள்வரை போயிருக்கும்.

இன்னொன்று, பொறுமை. கேள்வி கேட்டுவிட்டு ஆசிரியர்கள் சராசரியாக ஒரு வினாடி அளவுதான் காத்திருக்கிறார்கள் என்று மேரி பட் ரோ என்ற அமெரிக்க ஆய்வாளர் பதிவு செய்தார். அதை மூன்று வினாடி ஆக்கினாலே பிள்ளைகளின் பதில்கள் நீளமாயின, பேசாத பிள்ளைகள் பேச ஆரம்பித்தார்கள் என்று 1970களில் எழுதினார். 36 பேருக்கு முன்னால் மூன்று வினாடி மௌனம் என்பது பெரிய பாடு. பின்பெஞ்சில் ஏதாவது கிளம்பிவிடும். ஆறு பேர் மேசையில் பத்து வினாடிகூடக் காத்திருக்கலாம்.

சரி, நேரக் கணக்குக்கு வருவோம். 40 நிமிடத்தில் ஆறு மையமும் சுற்ற நினைத்தால் பிள்ளைகள் நடந்துகொண்டேதான் இருப்பார்கள். ஒரு நாளைக்கு இரண்டு சுற்று போதும். தொடக்கத்தில் 4 நிமிடம் அன்றைய வேலை என்ன என்று சொல்வது, 15 நிமிடம் முதல் சுற்று, 2 நிமிடம் இடம் மாற்றம், இன்னொரு 15 நிமிடம், கடைசி 4 நிமிடம் ஒரே ஒரு கேள்விக்குத் துண்டுச் சீட்டில் பதில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போவது. 36 பேர் என்றால் ஆறு குழு, குழுவுக்கு ஆறு பேர். மூன்று நாளில் எல்லாக் குழுவும் எல்லா இடத்துக்கும் போய் வந்துவிடும். ஒவ்வொரு பிள்ளையும் மூன்று நாளுக்கு ஒருமுறை என் மேசைக்கு வந்துவிடுகிறது.

இதில் ஒரு விஷயம் முக்கியம். எந்த மையமும் இன்னொரு மையத்தை முடித்திருந்தால்தான் செய்ய முடியும் என்று இருக்கக் கூடாது. ஒரு குழு மூன்றாவது மையத்தில் தொடங்கும், இன்னொன்று ஐந்தாவதில் தொடங்கும். அதனால் புதிய கருத்தை முதன்முதலாக அறிமுகம் செய்ய மையம் தோதான இடம் அல்ல. அதைக் கரும்பலகையிலேயே எல்லோருக்கும் சேர்த்து நடத்திவிடுங்கள். அதற்குப் பிறகுதான் மையங்கள்.

மற்ற ஐந்து இடங்களில் இரண்டு பயிற்சிக் கணக்கு, இரண்டு கையால் செய்வது, ஒன்று பழையதை நினைவுபடுத்துவது என்று நான் வைப்பேன். பயிற்சி மையத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. கணக்கு அட்டைகள், பின்பக்கம் விடை, பென்சிலும் தாளும். நினைவுபடுத்தும் மையத்தில் போன மாதப் பாடத்திலிருந்து பத்துக் கேள்விகள் இருக்கும், புத்தகத்தைத் திறக்காமல் எழுத வேண்டும். ரோடிகர், கார்பிக்கி என்ற இரு உளவியலாளர்கள் 2006இல் வெளியிட்ட ஆய்வில், திரும்பத் திரும்பப் படித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து வைத்த சோதனையில் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்து, நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள்தான் முந்தினார்கள். பிள்ளைகளுக்கு இந்த மையம் அவ்வளவாகப் பிடிக்காது. இருந்தாலும் எடுத்துவிடாதீர்கள்.

கையால் செய்யும் மையத்தில்தான் அட்டையின் வாசகத்துக்கு நிறைய உழைப்பு தேவை. தனி ஊசலை எடுத்துக்கொள்வோம், அதாவது நூலில் கட்டி ஆடவிட்ட ஒரு எடை. அது ஒருமுறை போய்த் திரும்பி வருவது ஓர் அலைவு, அதற்கு ஆகும் நேரம் அலைவுக் காலம். "ஊசலின் நீளத்தை மாற்றி அலைவுக் காலத்தைக் கண்டுபிடி" என்று மட்டும் எழுதி வைத்தால், இரண்டு பேர் நூலைச் சுழற்றி விளையாடுவார்கள், மற்றவர்கள் வேடிக்கை பார்ப்பார்கள். என் அட்டை இப்படி இருக்கும்: 25 செ.மீ. நூலில் நட்டு ஒன்றைக் கட்டு. பத்து அலைவுக்கு எவ்வளவு நேரம் என்று ஸ்டாப்வாட்சில் பார்த்து எழுது. இனி நூலை 50 செ.மீ. ஆக்கப்போகிறாய், பத்து அலைவுக்கு எவ்வளவு ஆகும் என்று நினைக்கிறாய்? ஒவ்வொருவரும் தனித்தனியாக முதலில் எழுதுங்கள், பிறகு செய்யுங்கள்.

முதலில் கிட்டத்தட்ட 10 வினாடி வரும். நீளம் இரண்டு மடங்கு, ஆகவே நேரமும் இரண்டு மடங்கு, 20 வினாடி என்று அனேகமாக எல்லோரும் எழுதுவார்கள். செய்து பார்த்தால் 14 வினாடிதான். "தப்பா எண்ணிட்டோம், திரும்ப எண்ணு" என்று மறுபடி செய்வார்கள். மறுபடியும் 14. அப்புறம்தான் சண்டை, அந்தச் சண்டைதான் அறிவியல். அட்டையின் அடுத்த வரி, எவ்வளவு நீளம் வைத்தால் 20 வினாடி வரும் என்று கண்டுபிடிக்கச் சொல்லும். நூலை நீட்டிக்கொண்டே போய் ஒரு மீட்டரில் நிற்பார்கள். நீளம் நான்கு மடங்கானால்தான் நேரம் இரண்டு மடங்கு. நட்டு ஒன்றுக்கு இரண்டாகக் கட்டினால் என்ன ஆகும் என்று கடைசிக் கேள்வி. ஒன்றும் ஆகாது, நூலின் நீளம் மாறாமல் பார்த்துக்கொண்டால் அதே நேரம்தான். இவ்வளவும் நடக்கும்போது நான் அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. முதலில் ஊகித்து எழுத வைத்ததுதான் அவர்களை இழுத்துப் பிடித்து வைத்திருக்கிறது.

இந்த வயதுக்கே உரிய ஒரு சிக்கல் உண்டு, அதுதான் எனக்கு அதிகக் கவலை. பதினோரு வயது தாண்டியதும், தெரியாது என்று காட்டிக்கொள்வது உயிர் போகிற அவமானம். குழுவில் யார் "கெட்டிக்காரர்" என்பது எல்லோருக்கும் தெரியும், வேலையை அவர் கையில் கொடுத்துவிட்டு மற்றவர்கள் ஒதுங்கிவிடுவார்கள். ஸ்டான்ஃபோர்டில் இருந்த சமூகவியலாளர் எலிசபெத் கோஹன் இதை நீண்ட காலம் ஆராய்ந்தவர். குழுவில் அதிகம் பேசும் பிள்ளை அதிகம் கற்கிறது, மதிப்புக் குறைந்ததாகக் கருதப்படும் பிள்ளைக்குப் பேச இடமே கிடைப்பதில்லை என்பது அவர் சொன்னதன் சாரம். அவர் சொன்ன வழிகளை நான் விடாமல் செய்கிறேன். இந்த வேலைக்கு அளக்கத் தெரிய வேண்டும், வரையத் தெரிய வேண்டும், சந்தேகப்படத் தெரிய வேண்டும், எல்லாம் தெரிந்தவர் இங்கே யாரும் இல்லை, ஒன்றுமே தெரியாதவரும் யாரும் இல்லை என்று முதலிலேயே சொல்லிவிடுவேன். அட்டை படிப்பவர், அளப்பவர், எழுதுபவர் என்று பொறுப்பும் சுற்றுக்குச் சுற்று மாறும். பிறகு, ஒதுங்கி நிற்கும் பிள்ளை உண்மையிலேயே நல்லது ஒன்றைச் செய்ததைப் பார்த்தால், எல்லோர் முன்னாலும் குறிப்பாகச் சொல்வேன். "நல்லா பண்ணுன" என்று சும்மா சொன்னால் அவர்களே நம்ப மாட்டார்கள். "நூலை முடிச்சிலிருந்து அளக்கணுமா, நட்டின் நடுவிலிருந்து அளக்கணுமான்னு கேட்டது இவள் ஒருத்திதான்" என்று சொன்னால், அடுத்த சுற்றில் அவள் அளக்கும்போது மற்றவர்கள் கவனிப்பார்கள்.

அதே காரணத்துக்காக, மதிப்பெண் வாரியாக நிரந்தரக் குழு அமைக்காதீர்கள். "ரோஜாக் குழு" என்று என்ன பெயர் வைத்தாலும் எது எந்தக் குழு என்று ஒரே நிமிடத்தில் கண்டுபிடித்துவிடுவார்கள். கலந்த குழுக்களாகவே சுற்றட்டும். துண்டுச் சீட்டில் தடுமாறியவர்களை மறுநாள் சில நிமிடம் தனியாக மேசைக்குக் கூப்பிட்டுக்கொள்ளலாம். நன்றாகச் செய்தவர்களையும் அவ்வப்போது அதே மாதிரி கூப்பிட வேண்டும், இல்லாவிட்டால் மேசை என்றாலே தண்டனை என்று ஆகிவிடும்.

சத்தம் வரும். அட்டையில் இருப்பதைப் பற்றிய சத்தமா என்று மட்டும் பாருங்கள். மேசையில் நான் இருக்கும்போது யாரும் என்னிடம் வரக் கூடாது என்பது எங்கள் வகுப்பின் ஒரே கண்டிப்பான விதி. சந்தேகம் வந்தால் அட்டையை மறுபடி படி, குழுவில் கேள், பக்கத்துக் குழுவில் கேள், அப்படியும் தீராவிட்டால் தாளில் எழுதி வைத்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போ. அடிபட்டால் மட்டும் ஓடி வரலாம். இந்தப் பழக்கம் படியும்வரை பாடம் நகராது. அதனால் முதல் வாரம் எல்லா மையத்திலும் எளிதான, ஏற்கெனவே தெரிந்த வேலையையே வைத்து, இடம் மாறவும் பொருளை எடுத்த இடத்தில் வைக்கவும் மட்டும் பழக்குங்கள்.

சிலபஸ் முடியுமா என்பார்கள். எல்லாப் பாடத்துக்கும் மையம் வைத்தால் முடியாது. நான் மாதத்துக்கு ஒரு பாடம், பிள்ளைகள் எங்கே அதிகம் சறுக்குவார்களோ அதற்கு மட்டும் வைக்கிறேன். எதில் தொடங்கலாம் என்றால், பின்னத்தில் தொடங்குங்கள். காகிதமும் பென்சிலும் போதும், தேட வேண்டிய பொருள் ஒன்றும் இல்லை. பிள்ளைகளுக்குள் இருக்கும் வித்தியாசமும் அதில்தான் அதிகம்: ஒரே வகுப்பில் பின்னங்களை வகுக்கத் தெரிந்தவரும் இருப்பார், 1/8ஐவிட 1/5 பெரியது என்பதை நம்பாதவரும் இருப்பார். அந்த இரண்டாமவர் யார் என்று முதல் மூன்று நாளிலேயே உங்களுக்குத் தெரிந்துவிடும்.